சர்பத்தில் சீனி இல்லாத வருஷம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை எனக்குச் சொந்தமானது இல்லை. கோரிப்பாளையத்தில் ஒரு சர்பத் கடையில் கிடைத்தது, அதுவும் முழுசாகக் கிடைக்கவில்லை. பக்கத்தில் நின்று நன்னாரி குடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தம்ளரை வைத்துவிட்டு, யாரும் கேட்காமலே சொன்னார்: "நான் சின்னப் பிள்ளையா இருக்கையில ஒரு வருசம், எங்க தெருவுல நோம்பு தொறக்க வச்ச சர்பத்துல சீனியே இல்ல தம்பி. ஒருத்தரும் ஒரு வார்த்த பேசலயே." ஏன் என்று நான் கேட்பதற்குள் அவருடைய பஸ் வந்துவிட்டது. ஏறிப் போயேவிட்டார்.

நல்ல மனுஷன். ஒற்றை வரியை என் தலையில் கட்டிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்ச் சேர்ந்தார், நான்தான் அதை வைத்துக்கொண்டு அல்லாடுகிறேன். ஆகவே மீதியை நானே இட்டுக்கட்டப் போகிறேன். எங்கெங்கே தடுமாறுகிறேனோ அதையும் அழிக்காமல் விட்டுவைக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

2

முதல் தொடக்கம்: "1944ஆம் ஆண்டு, உலகமே யுத்தத்தில்"

வேண்டாம். பள்ளிக்கூடப் புத்தகம் மாதிரி இருக்கிறது.

இரண்டாவது தொடக்கம்: "வைகையின் மணல்வெளியில் அந்தி தன் செம்பட்டை விரித்து"

இதை எழுதிய கையை நானே ஒரு தட்டு தட்டினேன்.

மூன்றாவது தொடக்கம்: "சைனப்புக்குத் தாகமாக இருந்தது."

இது இருக்கட்டும்.

3

சைனப்புக்குத் தாகமாக இருந்தது. ரமலான் மாதம், ஆவணி வெயில். கண்ணெதிரே ஓர் அண்டா நிறையத் தண்ணீர். அதில் ராத்திரி ஊறவைத்து வடிகட்டிய நன்னாரிச் சாறு, எலுமிச்சை, ஊறிப் பொதபொதவென்று வந்த சப்ஜா விதை எல்லாம் மிதக்கின்றன. இவள் துடுப்பு போட்டுக் கிண்டுகிறாள். வாசனை மூக்கைத் துளைக்கிறது, நாக்கில் ஒரு சொட்டு வைக்கக் கூடாது.

ரமலானில் ஒரு நாள் தெரு முழுக்கத் தங்கள் வீட்டில் நோன்பு திறக்க வேண்டும் என்பது அவள் புகுந்த வீட்டு வழக்கம். கஞ்சி பள்ளிவாசலிலிருந்து வந்துவிடும். சர்பத் மட்டும் இந்த வீட்டு அண்டாவில்தான் கலக்க வேண்டும். ஆனால் கலக்குகிறவளும் நோன்பாளி, சுற்றி நிற்கிற அத்தனை பேரும் நோன்பாளிகள். இனிப்பு சரியாக இருக்கிறதா என்று யார் சொல்வது?

ராதாமணி சொல்வாள். அடுத்த வீடு. சௌராஷ்டிரக் குடும்பம். (தென்கரைக்காரர்களான அவர்கள் வைகைக்கு வடக்கே எப்படி வந்தார்கள் என்று இதைப் படித்த நண்பர் கேட்டார். ராதாமணியின் புருஷன் ஜனகராஜுக்குச் சாயப்பட்டறை, தண்ணீருக்குப் பக்கமாக வீடு பார்த்தார், போதுமா?) இரண்டு வீட்டுப் புறக்கடைக்கும் நடுச்சுவரில் ஒரு சின்ன ஜன்னல். சைனப் எப்போதும் சீனியைக் குறைத்தே போடுவாள். கூட்டிக்கொள்ளலாம், போட்டதை எடுக்க முடியாது. பிறகு ஒரு கரண்டி மொண்டு ஜன்னல் வழியே ராதாமணியின் குவித்த கையில் ஊற்றுவாள். ராதாமணி உறிஞ்சிவிட்டுக் கண்ணை மூடி யோசிப்பாள்.

"இன்னும் ரெண்டு கை போடு."

அப்புறம் வாய் கொப்பளித்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

[அந்தக் காலத்தில் அவர்கள் இந்த வீட்டில் வாய் நனைப்பார்களா என்று கேட்காதீர்கள். மாட்டார்கள். ஜனகராஜுக்குத் தெரிந்தால் வீடு ரெண்டாகும். அவருக்குத் தெரியாது, நீங்களும் சொல்ல வேண்டாம்.]

4

இப்போது புருஷனைப் பற்றிச் சொல்ல வேண்டும், தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன்.

சேக் இஸ்மாயிலுக்கு ரங்கூனில் குடைக் கடை. ஊருக்கு வந்தால் ரமலானுக்குத்தான் வருவான். வந்தால் அண்டாவுக்கு எலுமிச்சை பிழிவது அவன் வேலை. அப்படிப் பிழிகிறபோது ஒரு தடவை அவளிடம் சொன்னான்.

"இங்கயும் அங்கயும் ஒரே சூரியந்தான், ஆனா அங்க முந்தி விழுந்திரும், தெரியுமா சைனு? நீ இங்க தாகத்தோட துடுப்புப் போட்டுக்கிட்டு இருப்ப. நான் அங்க நோம்பு தொறந்து, குடிச்சு, ஏப்பம் விட்டுருப்பேன்."

"நல்லாத்தான் இருக்கு நியாயம். பொண்டாட்டி காயணும், நீங்க குடிக்கணும்."

"நான் குடிச்சுட்டேன்னு நெனச்சுக்க. உனக்குப் பாதித் தாகம் போயிரும்."

சும்மா சொன்ன பேச்சுதான். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். அவன் ரங்கூனில் இருந்த ஒவ்வொரு ரமலானிலும், இங்கே பாங்கு சொல்வதற்குக் கொஞ்சம் முன்னால், சுவரில் வெயில் ஏறி ஜன்னல் விளிம்பைத் தொடும்போது, 'இப்ப அவுக குடிப்பாக' என்று நினைப்பாள். அவன் தொண்டையில் தண்ணீர் இறங்குவது அவளுக்குத் தெரியும். அந்தக் கொஞ்ச நேரம்தான் அவர்கள் நடத்திய குடித்தனம்.

யுத்தத்தில் ரங்கூன் ஜப்பான்காரன் கையில் விழுந்தது. ஜனங்கள் காட்டு வழியே நடந்து வந்தார்கள். இஸ்மாயில் வரவில்லை. ரெண்டு வருஷம் தாண்டியும் ஒரு தகவல் இல்லை. அவனோடு கிளம்பிய பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் மட்டும் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார். "மலை ஏறுற வழியில ஒரு மரத்தடியில உக்காந்துட்டாப்ல. தண்ணி கேட்டாப்ல. எங்கிட்ட இல்ல தாயி. திரும்பிப் பாத்தேன், உக்காந்துதான் இருந்தாப்ல." அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது.

சைனப் அந்தக் கடைசி வார்த்தையை வைத்துக்கொண்டு வாழ்ந்தாள். உட்கார்ந்துதான் இருந்தார்.

5

இந்த இடத்தில் ஒரு வில்லன் வேண்டும். தம்பி பெண்டாட்டியின் சொத்தில் கண் வைத்த மைத்துனர் என்று பாதுஷாவை எழுதத் தொடங்கினேன். முறுக்கு மீசை கூட வைத்தேன். மனுஷன் ஒத்துழைக்கவில்லை. இஸ்மாயிலுக்கு அண்ணன், தம்பியைத் தோளில் தூக்கிச் சுமந்து ஆற்றைக் காட்டினவர். மீசையை எடுத்துவிட்டேன்.

அவர் நோன்பு திறக்கும் விருந்துக்கு நாள் குறித்துவிட்டு வந்து, அடுப்படி வாசலில் நின்று, இவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"இந்த வருசம் சர்பத்த வச்சு அவன் பேர்ல ஃபாத்திஹா ஓதிறலாம்னு இருக்கேம்மா. மஃரிபு தொழுதுட்டு, பள்ளிவாசல் அசரத் ஓதுவாரு. அதுக்கப்புறம் எல்லாருக்கும் ஊத்துவோம்."

ஃபாத்திஹா ஓதுவது மவுத்தானவர்களுக்கு, இறந்துபோனவர்களுக்கு. ஓதிவிட்டால் பிறகு அவளுக்கு வெள்ளைச் சேலை, இத்தா என்று நாலு மாசம் பத்து நாள் வீட்டுக்குள் அடைப்பு. சுவரில் வெயில் ஏறுகிற நேரத்தில் நினைக்க ஆள் இல்லை.

"அவுக மவுத்தாகிட்டாகன்னு யாரு சொன்னது பெரிய மச்சான்?"

"யாரும் சொல்லல. சொல்றதுக்கு யாரு இருக்கா?" பாதுஷா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார். "தண்ணி கேட்டானாம்மா. ரெண்டு வருசமா எனக்குத் தண்ணி எறங்கல. நம்ம ஓதாம விட்டா அவன் அங்கயும் தாகத்தோடதான் நிப்பான்."

பார்த்தீர்களா, இதனால்தான் வில்லனை எடுத்தேன். ரெண்டு பேருக்கும் ஒரே ஆளின் தாகம்தான் கவலை. உயிரோடு இருக்கிறவனின் தாகம் என்கிறாள் இவள். போனவனின் தாகம் என்கிறார் அவர்.

6

இனி பெரியவர் சொன்ன சீனி. அது ஏன் இல்லை?

அ. மறந்துவிட்டாள். பாதுஷா குறித்த நாளில் கோகுலாஷ்டமியும் வந்துவிட்டது. ராதாமணிக்கும் விரதம், ராத்திரி பூஜை முடியும்வரை பச்சைத் தண்ணீர் கிடையாது. இந்தப் பக்கம் நோன்பு, அந்தப் பக்கம் விரதம், ருசி பார்க்க நாக்கு இல்லை. சீனி போடாதது யாருக்கும் தெரியாமலே போயிற்று.

தெரு அப்படித்தான் நம்பியது. பெரியவரும் அப்படித்தான் நம்பியிருப்பார். நான் நம்பவில்லை. கலக்குகிறபோதெல்லாம் துடுப்பில் பிசுக்கு ஒட்டும், கை அறியும். ஓர் அண்டா சர்பத்தில் சீனியை மறக்கிற பெண் நான் எழுதுகிற கதையில் இருக்கலாம், கோரிப்பாளையத்தில் இருக்க மாட்டாள்.

ஆ. வேண்டுமென்றே போடவில்லை. அந்த வீட்டில் மவுத்தானவர் பேரில் இனிப்பு வைத்துத்தான் ஓதுவார்கள். இனிப்பு இல்லையென்றால் ஓதுவதில்லை.

காலையில் ஜன்னலண்டை சைனப் போனாள். கையில் ஒரு பீங்கான் ஜாடி, இஸ்மாயில் ரங்கூனிலிருந்து கொண்டுவந்தது. ரேஷனில் கிடைத்ததை மாசக்கணக்கில் சேர்த்துவைத்த சீனி அதற்குள் முழுசாக இருந்தது. அந்தப் பக்கம் ராதாமணி வாசலிலிருந்து பூஜை அறைவரை மாவில் கிருஷ்ணர் பாதம் போட்டுவிட்டுக் கையெல்லாம் வெள்ளையாக நின்றாள்.

"அக்கா, இத உங்க வீட்டுல வச்சிருங்க."

"எதுக்குடி? இன்னைக்கி உனக்கு வேணுமே."

"எங்க வீட்டுல இருக்கக் கூடாது. சீனி இருக்கான்னு கேட்டா, இல்லன்னு சொல்லணும். நோம்பு வச்சுக்கிட்டு பொய் சொல்ல முடியாதுல்ல."

ராதாமணிக்கு எல்லாம் தெரியும், ஃபாத்திஹா விஷயமும் தெரியும். ஜாடியை வாங்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"நான் மட்டும் விரதத்துல பொய் சொல்லலாமாக்கும்?"

"உங்ககிட்ட யாரு வந்து கேக்கப்போறா?"

"கேட்டா?"

சைனப் ஜன்னலை விட்டு நகர்ந்துவிட்டாள். எனக்கும் அப்போது பதில் தெரியாது.

7

சாயங்காலம் முற்றம் நிறைந்துவிட்டது. பாய் விரித்து வரிசையாக உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு பேரீச்சம்பழம், கஞ்சி, நோன்பு திறக்க ஒரு வாய் சர்பத். மீதி அண்டா, தொழுகைக்குப் பிறகு ஓதுவதற்கு. வெயில் சுவரில் ஏறி ஜன்னல் விளிம்பைத் தொட்டது. 'இப்ப அவுக குடிப்பாக' என்று நினைத்தாள். இன்றைக்கு அது அவளுக்குச் சுலபமாக வரவில்லை. மரத்தடிதான் வந்தது.

பாங்கு ஒலித்தது. எல்லோரும் தம்ளரை வாயில் வைத்தார்கள்.

நன்னாரி வாசனை இருந்தது, எலுமிச்சைப் புளிப்பு இருந்தது, வேரின் லேசான கசப்பும் இருந்தது. சீனி இல்லை. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். நோன்பு திறக்கக் கொடுத்ததைக் குறை சொல்கிற ஊர் இல்லை அது. அசரத் முழுசாகக் குடித்துவிட்டு "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். மற்றவர்களும் குடித்து வைத்தார்கள்.

பாதுஷா அண்டாவையும் பார்த்தார், சைனப்பையும் பார்த்தார்.

"யாரும் ருசி பாக்கலயாம்மா?"

"பக்கத்து வீட்டு அக்காவுக்கு இன்னைக்கி விரதம் மச்சான்."

ஒவ்வொரு எழுத்தும் உண்மை.

"பரவால்ல. தொழுதுட்டு வந்து போட்டுக் கலக்கிக்கிருவோம். சீனி இருக்குல்ல?"

"வீட்டுல இல்ல மச்சான்."

இதுவும் உண்மை. கதை இங்கேயே முடிந்திருக்கலாம்.

[வெல்லம் போடலாமே என்கிறீர்கள். எலுமிச்சைத் தண்ணீரில் வெல்லம் போட்டால் அது பானகம், பக்கத்து வீட்டுச் சாமி குடிப்பது. பாதுஷா சம்மதிக்க மாட்டார். கடையோ சாத்தியாயிற்று.]

8

இங்கே வந்ததும் எனக்கு ஆசை தாங்கவில்லை, ஒரு முடிவு எழுதினேன்.

"அப்போது வாசலில் யாரோ நிழலாடினார்கள். தாடியும் மீசையுமாக, கையில் ஒரு கிழிந்த குடையோடு,"

அதற்கு மேல் எழுதவில்லை. அவனைக் கூட்டிவர எனக்கு எம்புட்டு ஆசை என்று சொன்னால் நம்புவீர்களா? இந்தக் காகிதத்தில் எது வேண்டுமானாலும் என்னால் செய்ய முடியும். ஆனால் அந்தப் பெரியவர் அன்றைக்குச் சொன்ன குரலில் யாரும் திரும்பி வந்திருக்கவில்லை. எழுதின வரியை அடிக்கவும் மனசு வரவில்லை. குடையோடு அவன் அந்த அரை வரியில் நிற்கட்டும்.

9

நடந்தது இதுதான், அல்லது நான் நடந்ததாகச் சொல்வது இதுதான்.

தொழுதுவிட்டு வந்த பாதுஷா, யாரையும் ஏவாமல், தானே ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு புறக்கடைக்குப் போனார். அந்த ஜன்னலை அவர் தட்டியதே இல்லை. அன்றைக்குத் தட்டினார். பின்னால் சைனப் சுவரோரமாக நின்றாள். அண்டாவிலிருந்து முதலில் மொண்ட தம்ளர் அவள் கையில் இருந்தது. ஊரில் இல்லாதவனுக்கு என்று ஒவ்வொரு வருஷமும் தட்டு போட்டு மூடி வைக்கிற தம்ளர். இனிப்பு விழுந்து ஓதிவிட்டால், அடுத்த வருஷம் அது கிடையாது.

ஜன்னல் திறந்தது. உள்ளே விளக்கு வெளிச்சம். நாளெல்லாம் காய்ந்த உதடு, கையில் உலர்ந்த மாவு, வயிற்றோடு அணைத்த பீங்கான் ஜாடி. விளக்கு ராதாமணியின் முதுகுப்பக்கம் இருந்ததால் ஜாடி பாதுஷாவுக்குத் தெரியவில்லை. எதைத் தேடுவதென்று அறிந்த சைனப்புக்குத் தெரிந்தது.

பாதுஷா கிண்ணத்தை நீட்டினார்.

"தாயி, எந் தம்பி தாகத்தோட இருக்கான். சீனி கொஞ்சம் இருக்குமா?"

அவருக்குப் பின்னால் சைனப் தலையை ஆட்டவில்லை, கண் காட்டவில்லை. தம்ளரின் மேல் இன்னொரு கையையும் வைத்து மூடிக்கொண்டு நின்றாள். அவ்வளவுதான்.

ஜன்னலுக்குள் ராதாமணியை நிறுத்தி ரொம்ப நேரம் பார்த்தேன். இருக்கு என்று சொல்ல வைத்தேன், ஒரு பெண்ணின் அந்திநேரம் அணைந்தது. இல்லை என்று சொல்ல வைத்தேன், ஓர் அண்ணன் வெறுங்கிண்ணத்தோடு திரும்பினார். அன்றைக்குச் சர்பத்தில் கடைசிவரை சீனி விழவில்லையா, இல்லை ஒரு வாய் மட்டும்தான் சீனி இல்லாமல் போனதா, அதைச் சொல்வதற்குள்தான் அந்தப் பெரியவருடைய பஸ் வந்துவிட்டதே. எனக்கு முடியவில்லை. ராதாமணியை ஜன்னலிலிருந்து மெல்ல நகர்த்திவிட்டேன், பாவம், அவளுக்குப் பூஜைக்கு நேரமாயிற்று.

இப்போது அந்த இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். நாளெல்லாம் நீங்களும் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. ஜாடி உங்கள் கையில்தான் இருக்கிறது, கனமாக. அவர் கேட்டுவிட்டார். கிண்ணம் இன்னும் நீட்டியபடியே இருக்கிறது.