முதல் கூடைக்குப் பிறகும்

மெர்ல் டோம்ப்ராவ்ஸ்கிக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. ஒன்று கூடைப்பந்து ஆடிப் போனது. மற்றது, அவரே சொல்வதுபோல, துணைக்குப் போனது. இண்டியானாவில் புனித வால்பர்கா கல்லூரிக்கு அவர்தான் விளையாட்டு இயக்குநர். அந்த ஊரில் சோளக்கொல்லையை விட்டால் கூடைப்பந்துதான்.

கல்லூரிகளின் லீக் கூட்டம் ஓட்டலில் நடந்தது. தலைவர் டிரென்ட் ஹாலிஸ் சிரித்துக்கொண்டே குண்டைத் தூக்கிப் போட்டார். ஹெல்மெட் மாட்டிக்கொண்டு முட்டி மோதும் ஃபுட்பாலுக்குத்தான் டிவிக்காரர்கள் கொட்டிக் கொடுக்கிறார்கள். அதனால் ஃபுட்பால் அணி இல்லாத கல்லூரிக்கு அடுத்த வருடம் லீக்கில் இடமில்லை. அப்படிப்பட்ட கல்லூரி அங்கே வால்பர்கா ஒன்றுதான்.

மெர்ல் எழுந்தார். சுடச்சுட ஒரு பதில் வைத்திருந்தார். எழுந்த வலியில் அது மறந்துபோயிற்று.

"உட்காருங்க மெர்ல்."

"எங்க கூடைப்பந்து ஜிம்ல எங்க பசங்க முதல் கூடை போடுற வரைக்கும் யாரும் உட்கார மாட்டாங்க. நீங்களும் வந்து நின்னிருக்கீங்களே."

"இது ஜிம் இல்ல, ஓட்டல்."

"கூடையும் இன்னும் விழலையே, சார்."

வாக்கெடுப்பில் வால்பர்காவைத் தவிர எல்லாக் கைகளும் உயர்ந்தன. மெர்ல் மதியச் சாண்ட்விச்சையும் நின்றபடியே தின்றார். பாதி சட்டைக்குப் போயிற்று.

கல்லூரித் தலைவி சிஸ்டர் பெர்னடீன் போனில் கேட்டார்: "போச்சா?"

"போச்சு சிஸ்டர். ஃபுட்பால் ஆரம்பிச்சா வெச்சுக்கிறாங்களாம்."

"ஜிம்மை வித்து மைதானம் போடவா? வேற ஆளைப் பார்க்கச் சொல்லுங்க. அங்க எழுந்து நின்னீங்களாமே, உட்கார்ந்துட்டீங்களா?"

"இல்ல சிஸ்டர்."

"அப்ப சரி."

ஓட்டலில் மெர்ல் உட்காராமல் நின்ற விஷயம் ஊருக்குத் தெரிந்துபோயிற்று. அடுத்த சனிக்கிழமை ஆட்டத்துக்கு, விடைகொடுக்கும் கேடயத்தோடு ஹாலிஸே வந்து இறங்கினார். ஜிம் முழுக்க எழுந்து நின்றது. ஆட்டம் தொடங்கிய சூட்டோடு வால்பர்காவின் பந்து கூடையில் விழுந்தது. அப்பாடா என்று மெர்ல் நாற்காலியைத் தேடிக் குனிந்தார்.

யாரும் உட்காரவில்லை.

"என்னம்மா நடின், கூடை விழுந்துடுச்சே?" என்றார், பின்வரிசையில் நின்ற முடிவெட்டும் நடினிடம்.

"விழட்டும். ஓட்டல்ல நீங்க மட்டும் நிப்பீங்க, நாங்க இங்க சொகுசா உட்காரணுமா? நிமிருங்க மெர்ல், சிஸ்டர் பார்க்கிறாங்க."

எண்பதைத் தாண்டிய சிஸ்டர் பெர்னடீன் கொடிக்கம்பம்போல நின்றுகொண்டிருந்தார். மெர்ல் தன் வாயைத் திட்டிக்கொண்டே நிமிர்ந்தார். அன்றைக்கு ஓட்டலில் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம்.

விருந்தினர் வரிசையில் ஹாலிஸ் மட்டும் கூடை விழுந்ததும் உட்கார்ந்துவிட்டார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுகள்தான்.

"மெர்ல், இவங்களை உட்காரச் சொல்லுங்க. ஒண்ணுமே தெரியல."

"நீங்களே ஓட்டுக்கு விடுங்க, சார்."

அடுத்த பந்தும் விழுந்தது. கூரை அதிர்ந்தது. ஹாலிஸ் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு கேடயத்தை நாற்காலியில் வைத்துவிட்டு, அவரும் எழுந்து நின்றார்.

மெர்ல் அந்த நாற்காலியை ஏக்கத்தோடு பார்த்தார். உட்காரவில்லை.