ஏழாவது ஓட்டை

நான்காவது முறை சாவியைத் திருப்பியபோதும் கார் கர் கர்ரென்று கனைத்ததே தவிர ஸ்டார்ட் ஆகவில்லை. பின் சீட்டில் இடால்மிஸ் அப்பாவைத் தன் மார்போடு சாய்த்து உட்கார வைத்திருந்தாள். படுக்க வைத்தால் அவருக்கு மூச்சு முட்டியது. உட்கார வைத்தாலும் முட்டியது, கொஞ்சம் குறைவாக.

"பயப்படாதே, இது எதிர்பார்த்ததுதான்," என்றான் அவள் கணவன் வில்ஃபிரேதோ, கண்ணாடியில் அவளைப் பார்த்து. "புதுசா கழட்டி மாட்டின கார்புரேட்டர். கொஞ்சம் பழகணும்."

"எவ்வளவு நேரம் பழகும்?"

"அதுக்கெல்லாம் ஒரு முறை இருக்கு, இடால்மிஸ்."

ஊர் டாக்டரம்மா சொன்னது இடால்மிஸின் காதிலேயே நின்றது. நுரையீரலில் நீர் ஏறுகிறது. ஆம்புலன்ஸ் ஒரு பிரசவத்தை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் சாந்தா கிளாரா நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டால் பிழைத்துக்கொள்வார். டாக்டரம்மா சொல்லி இருபத்தைந்து நிமிடம் ஆகிவிட்டது. வழி நன்றாக இருந்தால் கார் முப்பது நிமிடத்தில் போகும். முதலில் கார் போக வேண்டும்.

வில்ஃபிரேதோ சர்க்கரை ஆலைப் பட்டறையில் இருந்தவன். கன்வேயரில் இரண்டு போல்ட்டுகள் அநாவசியம் என்று கண்டுபிடித்து அவற்றை நீக்கியதற்காகப் புதுமை காண்போர் சான்றிதழ் வாங்கியவன். அடுத்த மாதம் கன்வேயர் விழுந்தது. சான்றிதழ் விழவில்லை. முன்னறைச் சுவரில் நல்ல ஆணியில் தொங்கியது.

போன ஞாயிற்றுக்கிழமை கார்புரேட்டரைச் சாப்பாட்டு மேசையில், கறுப்பு பீன்ஸ் வைக்கும் பெரிய தட்டில் பிரித்துப் போட்டான். உள்ளே, மூடிக்கு அடியில் இருந்த பேக்கிங் அட்டை கிழிந்திருந்தது. கிடைக்காது என்பதால் புதியதற்கு இந்த ஊரில் யாரும் கடைக்குப் போவதில்லை. ரம் பெட்டியின் அட்டையை வெட்டி, பழையதை மேலே வைத்து வரைந்து, ஓட்டை போட்டான். பழையதில் ஏழு ஓட்டைகள். இவன் ஆறோடு நிறுத்தினான்.

"ஏழு போடுப்பா," என்றார் இடால்மிஸின் அப்பா எலூதேரியோ. முப்பத்தெட்டு வருடம் அந்தக் காரை வாடகைக்கு ஓட்டியவர்.

"மாமா, ஏழாவது எங்கேயும் போய்ச் சேரலை. நானும் டார்ச் அடிச்சுப் பாத்துட்டேன். கம்பெனிக்காரன் கைதவறிப் போட்டது. நாமதான் யோசிக்கணும்."

"அவன் யோசிச்சுத்தான் போட்டான்."

அப்போது தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்த இடால்மிஸ் சொன்னாள்: "விடுங்கப்பா. வில்ஃபிரேதோவுக்குத் தெரியாதா?"

அவர் விட்டுவிட்டார். நான்கு நாளாகக் காரைப் பற்றி வாயே திறக்கவில்லை. பெட்ரோல் கிடைக்காததால் வண்டியை ஓட்டிப் பார்க்கவும் இல்லை. வில்ஃபிரேதோவின் விளக்கவுரைகள் மட்டும் தினமும் ஓடின. இன்றைக்கு எதிர்வீட்டு நெரெய்தா, மகளின் கல்யாணத்துக்கென்று கட்டிலுக்கடியில் வைத்திருந்த ஐந்து லிட்டர் பெட்ரோலைக் கொண்டுவந்து ஊற்றினாள். டாங்கில் அது இருக்கிறது. கார்தான் குடிக்கவில்லை.

ஐந்தாவது முறை. கனைப்பு இளைத்துப்போயிருந்தது.

"பேட்டரியைக் கொல்லாதே இன்ஜினியரே!" டோமினோ ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்திருந்தான் ஒனேலியோ, பழைய டிராக்டர் டிரைவர். ஆடாத காய் ஒன்று இன்னும் கையில் இருந்தது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பானெட்டைத் தூக்கினான். "பெட்ரோல் அதிகமாயிருக்கும்னு சொல்லப்போறியா?"

"நிச்சயமா அதிகமாத்தான். அதனாலதான்..."

"அதிகமானா நாறும்டா. எனக்கு உன் சென்ட் வாசனைதான் வருது."

தெருவே கூடிவிட்டது. சோக்கை இழு என்றது ஒரு குரல், இழுக்காதே என்றது இன்னொன்று. வில்ஃபிரேதோ கையுயர்த்தி, தீப்பொறி, காற்று, எரிபொருள் என்று மூன்று தூண்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். நெரெய்தா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏம்ப்பா, தூணை அப்புறம் நடலாம். கிழவர் நீலம் பூத்துக்கிடக்கார்."

இடால்மிஸ் குனிந்து பார்த்தாள். உதடு நிஜமாகவே நீலமாகியிருந்தது. அவருடைய ஒவ்வொரு மூச்சும், ஈரத்துணியை உள்ளேயிருந்து யாரோ இழுப்பது போல வந்தது. இரண்டு மூச்சுக்கு நடுவே அவள் தன் மூச்சை நிறுத்திக்கொண்டு காத்திருந்தாள். வந்தது. அடுத்தது வந்தது.

ஒனேலியோ ஒரு பிளக்கைக் கழற்றி, இன்ஜின்மேல் வைத்துச் சாவியைத் திருப்பச் சொன்னான். பொறி நீலமாகச் சொடுக்கியது. "கரண்ட் இருக்கு." பிளக்கின் நுனியை விரலால் தடவி, விரலை எல்லாருக்கும் காட்டினான். "பாலைவனம். ஒரு சொட்டு இறங்கலை."

"பம்பா இருக்கும்," என்றான் வில்ஃபிரேதோ.

கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றினார்கள். பெட்ரோல் பீய்ச்சியடித்து அவன் சட்டையை நனைத்தது. பம்பில் கோளாறு இல்லை. எட்டு நிமிடம் போயிற்று.

அப்போது அப்பா தலையை அசைத்தார். "ஏ..." என்றார்.

"பேசாதீங்கப்பா. மூச்சை வச்சுக்குங்க."

"ஏழு."

வெளியே இரண்டு ஆண்கள் குழாயையும் சுவரில் தொங்கும் சான்றிதழையும் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏழாவது எந்த இடம் என்று கேட்க வேண்டும். கேட்டால் அவர் சொல்லியாக வேண்டும். சொல்ல மூச்சு வேண்டும். அவரிடம் இருப்பது எவ்வளவு என்று அவளுக்குத் தெரியாது. கொஞ்சம்தான் என்பது தெரியும். கேட்காவிட்டால் இந்தத் தெருவிலேயே.

"வில்ஃபிரேதோ! பேக்கிங்! ஏழாவது ஓட்டை!"

"அது சம்பந்தமே இல்லாத..."

"டேய், ஆறுதான் போட்டியா?" ஒனேலியோவின் கை அதற்குள் ஸ்க்ரூவில் இருந்தது. மூடி வந்தது. அட்டை பெட்ரோலில் ஊறி உப்பியிருந்தது. பழைய பேக்கிங் எங்கே என்றான். குப்பைக்குப் போய்விட்டது. "மேல மூடியில ஒரு ஓட்டை, கீழ பெட்ரோல் மிதவைப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணுன்னு ரெண்டு பள்ளம். எதுக்கு நேரா குத்தறது? தப்பா குத்தினா அட்டையும் போச்சு."

எல்லாரும் பின் சீட்டைப் பார்த்தார்கள்.

இடால்மிஸ் அப்பாவின் காதருகே குனிந்தாள். அவருடைய நரைத்த கிருதா வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. "அப்பா," என்றாள். மறுபடி, "அப்பா, எந்த இடம்?"

அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். கோபம் இருக்கும் என்று பயந்தாள். இல்லை. பயணி வழி கேட்டால் பார்ப்பதுபோல்தான் பார்த்தார். நெஞ்சு ஒருமுறை பெரிதாக ஏறியது.

"மிதவைப் பக்கம்... சின்னது."

"மிதவைப் பக்கம்! சின்னது!" என்று கத்தினாள்.

"ஊசி கொடு, ஏதாவது கொடு!" என்றான் ஒனேலியோ.

ஒரு கையால் அப்பாவைப் பிடித்துக்கொண்டே கொண்டை ஊசியை உருவி ஜன்னல் வழியாக நீட்டினாள். ஒனேலியோ குத்தினான், ஊதினான், மூடினான். நான்கு ஸ்க்ரூ, பிறகு குழாய், பிளக். வில்ஃபிரேதோ சாவியைத் திருப்பினான். டிக் என்ற சத்தம் மட்டும் வந்தது. பேட்டரி தீர்ந்துவிட்டது.

"தள்ளு!" என்றாள் நெரெய்தா. முதலில் அவள்தான் தோளைக் கொடுத்தாள்.

தெரு தள்ளியது. முதல் வீடு, இரண்டாவது வீடு, ரொட்டிக்கடை. வில்ஃபிரேதோ கிளட்சை விட்டான். கார் துள்ளியது, இருமியது, மறுபடி துள்ளியது. பிறகு கரும்புகை கக்கி, உறுமிப் பிடித்துக்கொண்டது. பின்னால் கைதட்டல். ஒரு கிழவி சிலுவை போட்டுக்கொண்டாள்.

"பாத்தீங்களா மாமா!" என்று கத்தினான் வில்ஃபிரேதோ. "பாத்தீங்களா!"

கார் துள்ளியபோது அப்பாவின் கை அவள் முழங்காலிலிருந்து நழுவி சீட்டில் விழுந்திருந்தது. அவள் அதை எடுத்து மறுபடி முழங்காலில் வைத்தாள். இரண்டு மூச்சுக்கு நடுவே காத்திருப்பது போலக் காத்திருந்தாள். ஆலைப் புகைபோக்கி பின்னால் போயிற்று. கரும்புக்காடு வந்தது. காத்திருந்தாள்.

"எப்படி இருக்கார்?"

"ஓட்டு."

"வேகமாப் போகட்டுமா?"

"போ."

கொஞ்ச தூரம் வரை அடுத்த முறை எந்த அட்டை பயன்படுத்தலாம் என்று சொல்லிக்கொண்டே வந்தான். பிறகு கண்ணாடியில் பார்த்தான். ஆனாலும் வேகத்தைக் குறைக்கவில்லை. எதிரே வந்த குதிரை வண்டிகளை ஹார்ன் அடித்து ஒதுக்கிக்கொண்டே, நகரத்து முனையிலிருந்த பாலத்தைத் தாண்டிப் போனான். சட்டையின் பெட்ரோல் நாற்றம் கார் முழுக்க நிறைந்திருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்தார்கள். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு அதைக் காதிலிருந்து கழற்றினார்.

"எப்போ மூச்சு நின்னது?"

வில்ஃபிரேதோ அவளைப் பார்த்தான். ஐம்பது வயது முகத்தில் அப்படி ஒரு பயத்தை அவள் பார்த்ததில்லை. மீசைகூடச் சின்னதாகிவிட்டது போலிருந்தது.

"இப்பத்தான்," என்றாள் இடால்மிஸ். "பாலம் தாண்டினப்புறம்."

விறைப்பு தெரிகிறதா என்று டாக்டர் எலூதேரியோவின் தாடையை மெல்லத் தொட்டு அசைத்துப் பார்த்தார். அவளை ஒருமுறை பார்த்தார். அவள் சொன்னதையே எழுதிக்கொண்டார்.

வெளியே காவலாளி கத்திக்கொண்டிருந்தான். "யாருய்யா அது, வாசல்ல வண்டியை ஓடவிட்டுட்டுப் போனது? புகை வார்டுக்குள்ள வருது. ஆஃப் பண்ணுங்க!"

வில்ஃபிரேதோ படியிறங்கிப் போனான். ஜன்னல் வழியாகக் கையை உள்ளே விட்டுச் சாவியைப் பிடித்தான். கார் சீராக, ஒரு திணறலும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. காவலாளி மறுபடி கத்தினான். சாவியைப் பிடித்தபடியே அவன் நின்றான்.