கிணற்றடியில் விழுந்த பதினொரு பேர்

1

முதலே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. தயாளினி கொண்டுவந்து என் மேசையில் போட்டாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

தயாளினி எங்கள் பக்கத்து வீடு. வீதிப் பாதுகாப்புத் திட்டமொன்றில் வேலை. பொலிஸில் பதிவான விபத்துகளைக் கணினி வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகளாக ஏற்றுவாள். புள்ளி கூடிய இடத்துக்கு வேகத்தடையும் விளக்கும் கிடைக்கும். புள்ளி இல்லாத இடத்துக்கு ஒன்றுமில்லை.

சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட, புகையிலைத் தோட்டத்தோடு வீதி சட்டென்று வளைகிற ஒரு முடக்கு இருக்கிறது. அங்கே இதுவரை ஒரு புள்ளிகூட விழவில்லை. தயாளினி விடுகிற ஆளா? ஆஸ்பத்திரிப் பட்டியலையும் எடுத்துப் பார்த்திருக்கிறாள்.

"பேரில்லாத பட்டியல்தான் அண்ணை. ஆனா உந்த றோட்டிலை மட்டும் ஒரு வருசத்திலை பதினொரு பேர் கிணத்தடியிலை வழுக்கி விழுந்திருக்கினம். அதிலை ஆறு பேருக்கு நாடியிலை ஹெல்மெற் வார் வெட்டின காயம். கிணத்தடிக்கு ஆர் அண்ணை ஹெல்மெற்றோடை போறது?"

நான் சிரித்தேன். பட்டியலைக் கவிழ்த்து வைத்தேன்.

2

எழுதி அடித்த முதல் வரிகள்:

~~அந்த முடக்கு எப்போதும் அமைதியாகவே~~ (பச்சைப் பொய். சத்தம் கேட்டு எத்தனை தரம் ஓடியிருக்கிறோம்.)

~~சிவகரன் என்றோர் இளைஞன் மோட்டார் சைக்கிளில்~~

இந்தச் சிவகரனை இரண்டு பக்கம் வளர்த்தேன். தில்லைநாதன் என்ற தோட்டக்காரரின் சைக்கிளை அவன் முடக்கில் வைத்து இடித்தான். அதற்குப் பிறகு மரக்கட்டைபோல நின்றான். என்ன செய்தும் உயிர் வரவில்லை. எப்படி வரும்? உண்மையில் அந்த இடத்தில் றோட்டில் குந்தியிருந்து அழுதவள் என் மகள் கீர்த்திகா. இருபத்திரண்டு வயது. ஸ்கூட்டியைத் திருப்பத் தெரியாமல் தில்லையண்ணையோடு மோதியவள் அவள்தான். கையில் லைசன்ஸும் இல்லை.

சிவகரன் என்று ஒருவருமில்லை. மன்னியுங்கள்.

3

எங்கள் ஊரில் அடிபட்டால் பொலிஸுக்குப் போவதில்லை. இரண்டு வீட்டாரும் கதைத்து முடிப்போம். ஆஸ்பத்திரியில் "கிணத்தடியிலை விழுந்தது" என்போம். பிறகு முடக்கிலிருக்கிற வைரவருக்கு ஒரு வடைமாலை சாத்திவிட்டு வீட்டுக்கு வருவோம். ஒருவருக்குக் கல்யாணம் பேசி முடிந்திருக்கும், ஒருவருக்கு அரசாங்க வேலை வர இருக்கும். கீர்த்திகாவுக்குக் கனடா. விசாவுக்குப் பொலிஸ் நற்சான்றிதழ் வேண்டும், அது இன்னும் கைக்கு வரவில்லை.

தில்லையண்ணைக்குக் கால் இரண்டு இடத்தில் முறிந்தது. ஆட்டோவில் அவரை மடியில் வைத்துக்கொண்டு, கிணத்தடி என்ற சொல்லை அவர் காதுக்குள் சொல்லிக்கொடுத்தவன் நான்.*

(* அந்த வலியிலும் அவர் கேட்டார்: "எந்தக் கிணறு எண்டு கேட்டா என்ன தம்பி சொல்லுறது?" இதை அடிக்குறிப்பில் தள்ளியதே நான் எப்படிப்பட்டவன் என்பதைச் சொல்லும்.)

4

இன்று வெள்ளிக்கிழமை. பின்னேரம் நாலு மணிக்கு, விளக்கும் வேகத்தடையும் போடுகிற இடங்களின் பட்டியல் பூட்டப்படும். அடுத்தது இரண்டு வருடம் கழித்து.

"றோட்டிலைதான் அடிபட்டது எண்டு ஒரு ஆள் எழுத்திலை தந்தாக் காணும் அண்ணை. ஒண்டு உறுதியானா மற்றப் பத்தையும் அதோடை சேர்த்து நான் வாதாடுவன். ஆனா பேரில்லாமல் எடுக்கமாட்டினம். பொலிஸுக்கும் ஒரு பிரதி போகும். உங்களுக்குப் பொய் சொல்லமாட்டன்."

தயாளினி இப்படிச் சொல்லி, படிவத்தை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவளுக்கு எங்கள் விஷயம் தெரியுமா? தெரிந்துதான் என்னிடம் வந்தாளா? கேட்கப் பயம்.

காலையில் தில்லையண்ணையிடம் போனேன். கட்டிலில் கால் நீட்டி இருந்தார்.

"தம்பி, நீர் ஒண்டுக்கும் யோசியாதையும். நான் சாகுமட்டும் கிணத்தடி எண்டுதான் சொல்லுவன். பிள்ளை போய்ச் சேரட்டும்." இரண்டு கையாலும் காலைத் தூக்கி நகர்த்தி வைத்தார். "என்ரை பேத்தியும் உந்த முடக்காலைதான் சைக்கிள்ளை ரியூசனுக்குப் போறவள். அதுதான் எனக்கு ஒரு பயம்."

அவர் என்னை நாலு வார்த்தை ஏசியிருக்கலாம். வெட்கத்தில் தேத்தண்ணீரைக்கூடக் குடிக்காமல் எழும்பி வந்தேன்.

5

முடிவு ஒன்று: படிவத்தை நிரப்புகிறேன். முடக்கில் விளக்கு வருகிறது. கனடாவிலிருந்து வந்த கடிதத்தைக் கீர்த்திகா பிரித்து

[இதற்கு மேல் கை ஓடவில்லை.]

முடிவு இரண்டு: நிரப்பவில்லை. கீர்த்திகா விமான நிலையத்தில் கையசைக்கிறாள். மூன்று மாதம் கழித்து ஒரு பின்னேரம், தில்லையண்ணையின் பேத்தி சைக்கிளில்

[இல்லை. மாட்டேன். எழுதினால் நடந்துவிடுமோ என்று நெஞ்சு பதறுகிறது.]

6

இந்த இடத்தில் கதை என் கையை விட்டுப் போய்விட்டது. தண்ணீர் குடிக்க எழும்பிப் போனேன். திரும்பி வந்தால் கீர்த்திகா மேசையடியில் நின்று முழுவதையும் வாசித்துக்கொண்டிருக்கிறாள்.

"சிவகரன் எண்டு எழுதி என்னை ஒளிச்சியள். பிறகேன் அப்பா என்ரை பேரைப் போட்டனியள்?"

"கதையிலை பொய் எழுத மனம் வரேல்லை பிள்ளை."

"படிவத்திலை மட்டும் வருமோ?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. தில்லைநாதன் மாமாவின் கால் முறிந்த சத்தம் நித்திரையிலும் கேட்கிறதாம். விபத்துக்குப் பிறகு ஐந்து மாதமாக ஒரே வீட்டில் இருக்கிறேன், எனக்கு இது தெரியாது.

படிவத்தையும் பேனையையும் எடுத்தாள்.

"நானே எழுதிக் குடுக்கிறன். ஆனா ஒண்டு சொல்லுங்கோ. விசா கிடைக்காட்டி, நான் இஞ்சையே இருந்தா, நீங்கள் ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டமாட்டியளோ? ஒருநாளும்?"

மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆட்டோவில் அந்த மனிதனுக்குப் பொய் சொல்லிக்கொடுத்த அதே வாய். எனக்கே அதில் நம்பிக்கை வரவில்லை. அதற்குப் பதிலாகக் கதிரையை இழுத்துப்போட்டு இருந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நேரம் மூன்று ஐம்பது. இதற்கு முடிவு எழுத என்னால் ஏலாது. உங்களுக்கும் பிள்ளைகள் இருக்கும், நீங்களும் ஏதோ ஒரு முடக்கால் தினமும் போய்வருவீர்கள். நான் என்ன சொல்லட்டும்? கெதியாகச் சொல்லுங்கள், பத்து நிமிடம்தான் இருக்கிறது. அவள் இன்னும் எழுதத் தொடங்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.