செங்கல்லுக்கு அலிபி கிடையாது

எங்கள் ஊர்ச் சுடுகளத்தில் ஹார்லன் ரிட்டனவரின் துப்பாக்கி பாதியில் நின்றால் அதற்குப் பெயர் அலிபி. மார்லா வுய்ச்சிக்கின் துப்பாக்கி நின்றால் அதற்குப் பெயர் மக்கர்.

அலிபி நாங்களாகக் கண்டுபிடித்த சொல் இல்லை. போட்டியின்போது துப்பாக்கி சிக்கிக்கொண்டால் சுடுகிறவர் கையைத் தூக்கி "அலிபி!" என்று கத்த வேண்டும். களப் பொறுப்பாளர் வந்து பார்ப்பார். தப்பு ஆளுடையது இல்லை என்று அவருக்குத் தோன்றினால் அந்தச் சுற்றை முதலிலிருந்து சுட்டுக்கொள்ளலாம். கோர்ட்டில் திருடன், நான் அன்றைக்கு ஊரிலேயே இல்லை என்று சொல்வானே, அதே சொல்தான்.

அந்தக் களப் பொறுப்பாளர் நான். பெயர் ஸ்டான் குபியாக். முப்பத்தொரு வருஷமாக மெயின் ரோட்டில் துப்பாக்கிக் கடை வைத்திருக்கிறேன், ரிப்பேரும் பார்க்கிறேன். எது அலிபி, எது மக்கர் என்று தீர்ப்புச் சொல்ல என்னைவிட்டால் மேற்கு பென்சில்வேனியாவிலேயே ஆள் இல்லை என்று கிளப்பில் எல்லோரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கையில் நானும் உறுப்பினர்.

ஹார்லன் எங்கள் கிளப் தலைவர். தொழில் இன்ஷூரன்ஸ். புயலில் உங்கள் கூரை பறந்துபோனால், பறந்தது காற்றினாலா அல்லது கூரையின் வயசினாலா என்று கேட்கிற மனிதர். அவருடைய துப்பாக்கி டெக்சாஸில் யாரோ ஒருவர் கையால் இழைத்துச் செய்தது. விலை மூவாயிரத்து நானூறு டாலர். பதினான்கு மாதம் காத்திருந்து வாங்கினார். வெல்வெட் பெட்டியில் வந்தது. பெட்டிக்குள் ஒரு கடிதம்: முதல் ஐந்நூறு தோட்டா தீரும்வரை இதன் போக்கை வைத்து எந்த முடிவுக்கும் வந்துவிட வேண்டாம். நூற்றறுபது டாலர் துப்பாக்கியோடு அப்படி ஒரு கடிதமும் வராது. அது முதல் தோட்டாவிலிருந்தே யோக்கியமாக நடந்துகொள்ள வேண்டும்.

மார்லாவின் துப்பாக்கி அந்த நூற்றறுபது டாலர் ரகம். ஜனவரியில் என்னிடம்தான் வாங்கினாள். சூப்பர்மார்க்கெட்டில் இறைச்சி வெட்டும் பிரிவில் வேலை பார்க்கிறாள். விவாகரத்து வாங்கிய கணவன் டேல், அவள் வீட்டிலிருந்து ஐந்நூறு அடி தள்ளி இருக்க வேண்டும் என்று நீதிபதி உத்தரவு போட்டிருந்தார். டேலுக்கு அளவு விஷயத்தில் எப்போதுமே தகராறு. இரண்டு முறை வந்து கதவை உதைத்துவிட்டுப் போயிருந்தான். மார்லாவின் பர்ஸில் என்ன இருந்ததோ அதற்குக் கிடைத்த துப்பாக்கி அது.

அந்த ரகத்தை நாங்கள் செங்கல் என்போம். கனம், வடிவம், அழகு மூன்றிலும் செங்கல்தான். விசையை இழுத்தால் துருப்பிடித்த கேட்டுத் தாழ்ப்பாளை இழுப்பதுபோல இருக்கும். மலிவுத் துப்பாக்கிகளில் உண்மையான குப்பையும் உண்டு, மறுக்கவில்லை. நாலு வருஷத்தில் விரிசல் விட்டதெல்லாம் என் மேசைக்கு வந்திருக்கிறது. ஆனால் செங்கல் அந்தக் குப்பையில் சேர்த்தி இல்லை. குண்டு போக வேண்டிய இடத்துக்குப் போகும். இதை நான் கடையில் யாரிடமும் சொன்னதில்லை.

பிரச்சினை ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை ஆரம்பித்தது. அன்றைக்கு எங்கள் கிளப்பில் ஹாம் போட்டி நடக்கும். யார் நன்றாகச் சுடுகிறாரோ அவருக்கு ஒரு முழுப் பன்றித் தொடை. ஆறு வருஷமாக அந்தத் தொடை ஹார்லன் வீட்டு அடுப்புக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. இந்த வருஷம் மார்லா தட்டிக்கொண்டு போனாள். தினமும் இறைச்சியோடு மல்லுக்கட்டுகிறவள் சம்பளம் இல்லாமல் ஒரு தொடை கொண்டுபோனது இதுதான் முதல் முறை என்று அவளே சொல்லிச் சிரித்தாள். ஹார்லன் சிரிக்கவில்லை.

எட்டாம் நாள் அறிவிப்புப் பலகையில் ஒரு தீர்மானம் தொங்கியது. உறுப்பினர்களின் பாதுகாப்பை முன்னிட்டு, முந்நூறு டாலருக்குக் குறைந்த துப்பாக்கிகளுக்கு இனி சுடுகளத்தில் அனுமதி இல்லை.

மார்லா நேராக என் கடைக்கு வந்தாள்.

"ஸ்டான், இதை நிறைவேத்திட்டா நான் எங்க போய்ப் பழகறது? அடுத்த சுடுகளம் அம்பது மைல். எனக்கு வாரத்துல ஒருநாள்தான் லீவு."

"பார்ப்போம்மா. ஹார்லன் கோவத்துல இருக்காரு, கொஞ்சம் ஆறட்டும்."

"கோவம் எனக்கும்தான் இருக்கு. அதுக்கு நான் பலகையில பேப்பர் ஒட்டலையே."

கூட்டத்தில் லெஸ்டர்தான் ஒரு வழி சொன்னான். லெஸ்டர் பள்ளிக்கூட பஸ் டிரைவர், வாய் சும்மா இருக்காது.

"தலைவரே, பாதுகாப்புன்னு எழுதியிருக்கீங்க. சரி, எது பாதுகாப்புன்னு பார்த்துடுவோமே. உங்களோடது இருநூறு தோட்டா, செங்கல் இருநூறு தோட்டா. எது அதிகமா மக்கர் பண்ணுதோ அது வீட்டுல இருக்கட்டும்."

"என்னோடதை அதோட சேர்த்துப் பேசறியா?"

"பயமா இருந்தா விட்டுடுங்க."

ஹார்லன் ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: எண்ணுவது ஸ்டான், ஸ்டான் எழுதுவதே முடிவு. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் என் கடையில் ஒரு துப்பாக்கி வாங்குகிறவர் அவர். என் கடைக்கு இன்ஷூரன்ஸும் அவரிடம்தான். அவருடைய நம்பிக்கைக்கு நான் பாத்திரமாக நடந்துகொள்வேன் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை, காலை பத்து மணி. கிளப் ஹாலில் மதியத்துக்குப் பியரோகி, அதாவது போலந்துக் கொழுக்கட்டை, தயாராகிக்கொண்டிருந்தது. வெண்ணெயில் வெங்காயம் வதங்குகிற வாசனை சுடுகளம்வரை வந்தது. இருபத்தாறு பேர் சூழ்ந்து நின்றார்கள். இரண்டு துப்பாக்கிகளுக்கும் ஒரே பெட்டியிலிருந்து தோட்டா எடுத்துக் கொடுத்தேன். காதடைப்பான்களை மாட்டிக்கொண்டோம்.

ஹார்லன் முதலில். பதினோராவது தோட்டாவில் துப்பாக்கி நின்றது.

"அலிபி!"

போய்ப் பார்த்தேன். தோட்டா குறுக்கே சிக்கியிருந்தது.

"தோட்டா சரியில்ல, ஸ்டான்," என்றார் ஹார்லன்.

தோட்டாவின் குற்றம் என்று எழுதினேன். இருபத்தெட்டாவதில் மறுபடி நின்றது. புதுத் துப்பாக்கி இன்னும் பழகவில்லை, கடிதத்தைப் பார் என்றார். பழக்கமின்மை என்று எழுதினேன். நாற்பத்தாறில் காலைக் குளிர். எழுபதில் எண்ணெய் கொஞ்சம் கூடிவிட்டது. தொண்ணூற்றிரண்டில் எண்ணெய் போதவில்லை. நூற்று முப்பதைத் தாண்டியபோது லெஸ்டர் இருமியதால் கவனம் சிதறியது என்றார்.

"நான் இருமினா அவரு துப்பாக்கிக்கு ஏன்யா ஜலதோஷம் பிடிக்குது?" என்றான் லெஸ்டர்.

மொத்தம் ஒன்பது முறை நின்றது. ஒன்பதும் அலிபி. என் தாளில் துப்பாக்கிப் பழுது என்ற கட்டத்தில் அழகாக ஒரு பூஜ்யம் போட்டேன். அந்தப் பூஜ்யத்தை எழுதும்போது எனக்குக் கூச்சமே வரவில்லை. இப்போது நினைத்தால்தான் வருகிறது.

அடுத்து மார்லா. செங்கல்லின் சத்தம்கூட மட்டமாக இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். ஐம்பது, நூறு, நூற்றிருபது. நிற்கவில்லை. நூற்று முப்பத்து நாலில் நின்றது. மார்லா கையைத் தூக்கவில்லை. ஒரு தட்டு, ஒரு இழுப்பு, சிக்கிய தோட்டா வெளியே விழுந்தது, அடுத்த குண்டு போய்விட்டது. நான் பேனாவைத் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. நூற்று எழுபத்தொன்றில் இன்னொரு முறை. அதுவும் அப்படியே.

"ஏம்மா, அலிபி கேக்கலையா?" என்றான் லெஸ்டர்.

"அலிபின்னா என்ன?"

கூட்டம் சிரித்தது. லெஸ்டர் விளக்கினான். அவள் எங்கள் பக்கம் திரும்பினாள்.

"நின்னா இன்னொரு வாட்டி சுட விடுவாங்களா? நெஜமாவா? ஹாம் போட்டியிலயும் நாலு வாட்டி நின்னுச்சே, எனக்கு யாருமே சொல்லலையே."

யாரும் சொல்லியிருக்க மாட்டோம். செங்கல் நின்றால் அதில் விசாரிக்க என்ன இருக்கிறது? விலையே வாக்குமூலம்.

ஹாலுக்குள் போய் முடிவைப் படித்தேன். ஹார்லனின் துப்பாக்கி: பழுது இல்லை. செங்கல்: பழுது இரண்டு.

"எண்ணிக்கை தெளிவா இருக்கு," என்றார் ஹார்லன். முகத்தில் அவ்வளவு பணிவு. "எனக்கு யார் மேலயும் வருத்தமில்ல. ரெண்டு பழுதுங்கறது ரெண்டு பழுதுதான்."

"ஒரே பெட்டித் தோட்டாதானே தலைவரே," என்றாள் மார்லா. "உங்களுக்குக் கெட்டுப்போனது எனக்கு எப்படி நல்லா இருந்துச்சு?"

"நல்ல துப்பாக்கிக்கு நுணுக்கம் ஜாஸ்திம்மா. கெட்ட தோட்டாவை அது கண்டுபிடிச்சு நிறுத்திடும். உன்னோடதுக்கு நல்லது கெட்டது தெரியாது, எதைக் குடுத்தாலும் சுடும்."

பத்துப் பதினைந்து தலைகள் ஆமாம் என்று ஆடின. எனக்கு அங்கேயே சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். ஓட்டெடுப்பு நடந்தது. பதினேழுக்கு ஒன்பது. தீர்மானம் நிறைவேறியது. எல்லோரும் பியரோகித் தட்டை நோக்கி நகர்ந்தார்கள்.

மார்லா நகரவில்லை. செங்கல்லையும் அதற்குத் தோட்டா அடுக்குகிற இரண்டு தகரக் கூடுகளையும் என் மேசைமேல் வைத்தாள்.

"தீர்மானம் கெடக்கட்டும், ஸ்டான். நான் கேக்க வந்தது வேற. ரெண்டு வாட்டி நின்னுதுல்ல, ஏன் நின்னுச்சு?"

அன்று காலையிலிருந்து அந்தக் கூட்டத்தில் இதை ஒருவர்கூடக் கேட்கவில்லை. துப்பாக்கி வேலை செய்யுமா என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரிய வேண்டியிருந்தது. எங்களுக்கெல்லாம் யாருடையது உசத்தி என்று தெரிந்தால் போதும்.

காரணம் எனக்குத் தெரியும். இரண்டு முறையும் ஒரே கூடு. அந்தக் கூட்டின் வாய் தொழிற்சாலையில் அவசரமாக மடக்கப்பட்டு ஒரு நூல் அகலம் விரிந்திருந்தது. துப்பாக்கியில் ஒரு குறையும் இல்லை. பத்துக் கூட்டில் இரண்டு மூன்று அப்படி வரும். பல வருஷமாகத் தெரியும். யாராவது செங்கல்லைத் திருப்பிக் கொண்டுவந்து "நிக்குது ஸ்டான்" என்றால், "அந்த விலைக்கு வேற என்ன எதிர்பார்க்கறீங்க?" என்பேன். வந்தவர் வெட்கப்பட்டுக்கொண்டு ஐந்நூறு டாலர் துப்பாக்கியைப் பார்ப்பார். அந்த ஒரு கேள்வி எனக்கு விற்றுக் கொடுத்த துப்பாக்கிகளை எந்த விளம்பரமும் விற்றுக் கொடுத்ததில்லை. மலிவுத் துப்பாக்கியின் பேர் எங்கள் ஊரில் எப்படிக் கெட்டது என்று யாராவது ஆராய்ச்சி செய்ய வந்தால் என் கடையிலிருந்து தொடங்கலாம்.

அவள் பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தாள். பையிலிருந்து இடுக்கியை எடுத்தேன். கூட்டின் வாயைப் பிடித்து ஒரு அழுத்து, மறுபக்கம் ஒரு அழுத்து.

"வா, சுட்டுப் பார்ப்போம்," என்றேன்.

தீர்மானத்தின் மை காயுமுன்னே அதை மீறி ஐம்பது தோட்டா சுட்டோம். எல்லாமே அந்தக் கூட்டிலிருந்துதான். ஒன்றுகூட நிற்கவில்லை. லெஸ்டர் தட்டோடு வந்து வேடிக்கை பார்த்தான்.

"இவ்வளவுதானா? அரை நிமிஷ வேலை!" என்றான்.

மார்லா காதடைப்பானைக் கழற்றினாள். முதலில் அவளுக்குச் சந்தோஷம்தான். கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தாள். பிறகு சிரிப்பு மெல்ல நின்றது.

"ஸ்டான், இப்படி அழுத்தினா சரியாயிடும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"எனக்கு வித்த அன்னைக்கு?"

தொழிற்சாலையைச் சொல்லியிருக்கலாம், கடையில் அன்றைக்கு இருந்த கூட்டத்தைச் சொல்லியிருக்கலாம். காலையில் ஒன்பது காரணம் எழுதிய கைக்குப் பத்தாவது எழுதுவது பெரிய வேலை இல்லை.

"அன்னைக்கும் தெரியும்," என்றேன்.

"அப்பப்போ நிக்கும், விலைக்கு ஏத்த மாதிரின்னு சொன்னீங்க. அதைக் கேட்டுட்டுத்தான் தினமும் சமையல்கட்டுல நின்னு தட்டி இழுத்துப் பழகினேன். நூறு வாட்டி, எரநூறு வாட்டி." கூட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். "பிப்ரவரில டேல் கதவை உடைச்சு உள்ள வந்துட்டான். அன்னைக்குத் துப்பாக்கிக்குள்ள இந்தக் கூடுதான் இருந்துச்சு."

எனக்கு அது தெரியாது. ஊரில் யாருக்கும் தெரியாது. லெஸ்டர் மெல்லுவதை நிறுத்திவிட்டான்.

"சுட்டியா?" என்று கேட்டேன்.

"இல்ல. ரெண்டு எட்டு வெச்சான். என் கையில துப்பாக்கியைப் பார்த்தான், அப்படியே பின்னாடியே போயிட்டான்." துப்பாக்கியையும் கூடுகளையும் பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். "நல்ல வேளை ஸ்டான், அவன் உங்க கடைக்கு வர்ற ஆள் இல்ல. வந்திருந்தா, இது நிக்கும்னு அவனுக்கும் சொல்லியிருப்பீங்க."