பூட்டுக்கு இந்தப் பக்கம்

அண்ணன் வேலையிலிருந்து திரும்ப இன்னும் நான்கு மணி நேரம் பத்து நிமிடம் இருந்தது. அதற்குள் அண்ணி மூன்றாவது முறையாக வாந்தி எடுத்துவிட்டாள். மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அண்ணி, வலி எங்க இருக்கு?"

"வலது பக்கம், கீழ. காலைல தொப்புள்கிட்ட இருந்துச்சு. இப்ப இடம் மாறிடுச்சு."

நான் படித்தது வேதியியல். ஆனாலும் தொப்புளில் தொடங்கி வலது அடிவயிற்றுக்கு இறங்கும் வலி என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். குடல்வால் வெடித்துவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும்.

கதவில் பூட்டு தொங்கியது. சாவி அண்ணனின் சட்டைப்பையில் இருந்தது. அவன் வேலை செய்யும் தொழிற்சாலையில் செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். வாசல் காவலாளியின் எண்ணுக்கு அடித்தேன்.

"ஷிஃப்ட் முடிஞ்சாத்தான்மா ஆளைக் கூப்பிட முடியும். என்ன விஷயம்?"

"அண்ணிக்கு உடம்பு சரியில்ல."

"அதுக்கு அவர் எதுக்கு? நீங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

போனை வைத்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் பூட்டு என்ற சொல்லை யாரும் சொல்வதில்லை. இரண்டு மாதங்களுக்கு முன் அண்ணி ஒரு பையில் துணிகளை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையம் வரை போனாள். அண்ணன் போய் அழைத்து வந்தான். மறுநாள் அவர்கள் அறைக் கதவில் வெளிப்பக்கம் கொண்டி வைத்தான். காலையில் சாப்பாட்டு டப்பாவையும் தண்ணீர்க் குடத்தையும் உள்ளே வைத்துவிட்டுக் கிளம்புவான். மாலையில் வந்து திறப்பான். அண்ணியின் போன் அவனிடம் இருந்தது. தெருவில் யாராவது கேட்டால், அண்ணி அவள் அம்மா வீட்டுக்குப் போயிருப்பதாக அம்மா சொல்வாள். அண்ணியின் அம்மா வீட்டிலிருந்து பேசினால், அவள் குளித்துக்கொண்டிருப்பாள். எந்த நேரத்தில் பேசினாலும் குளித்துக்கொண்டுதான் இருப்பாள்.

நானும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. வீடியோ பார்த்தேன்.

அந்த வீடியோக்களில் ஒரு ஆளின் கைகள் மட்டும் தெரியும். நகங்கள் சுத்தமாக இருக்கும். சாவித் துளைக்குள் வளைந்த கம்பி ஒன்றைக் கொடுத்து லேசாகத் திருப்பிப் பிடிக்க வேண்டும். இன்னொரு கம்பியால் உள்ளே இருக்கும் பின்களை ஒவ்வொன்றாகத் தூக்க வேண்டும். எல்லாம் அதனதன் உயரத்தில் நின்றுவிட்டால் பூட்டு திறந்துவிடும். ஆன்லைனில் கம்பிகளும், உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரிகிற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பூட்டு ஒன்றும் வாங்கினேன். ஆய்வகத்தில் பியூரெட்டை ஒரு சொட்டு கூடாமல் நிறுத்திப் பழகிய கை. ஒரே வாரத்தில் அந்தப் பூட்டை ஒரு நிமிடத்துக்குள் திறந்தேன். அப்புறம் பித்தளைப் பூட்டு வாங்கி அதையும் திறந்தேன். கதவுக்கு அப்பாலிருந்து அண்ணிக்கு அதைச் சொன்னபோது அவள் சிரித்தாள். அன்றிலிருந்து நான் அவளுக்கு விஞ்ஞானி ஆனேன்.

கதவில் தொங்குகிற பூட்டை மட்டும் நான் தொடவில்லை. வீட்டில் எப்போதும் அம்மா இருந்தாள். திறந்துவிட்டால் அதற்குப் பிறகு என்ன என்றும் எனக்குத் தெரியவில்லை.

இப்போது கதவின் முன் மண்டி போட்டேன்.

"விஞ்ஞானி, வந்தாச்சா?"

"வந்தாச்சு அண்ணி."

"சீக்கிரம். பரீட்சைல எக்ஸ்ட்ரா டைம் குடுக்க மாட்டாங்க."

வீடியோ பார்த்துப் பூட்டு திறக்கக் கற்றுக்கொள்ள முடியும். ஆனால் வீடியோவில் பூட்டு மேஜை மேல் இருக்கும், அல்லது இடுக்கியில் பிடித்திருக்கும். கதவில் மாட்டிய பூட்டு ஆடுகிறது. சாவித் துளை தரையைப் பார்க்கிறது. பூட்டைப் பிடிக்க ஒரு கை, திருப்ப ஒரு கை, தூக்க ஒரு கை வேண்டும். என்னிடம் இரண்டுதான் இருந்தன. முக்கியமாக, அந்த ஆளின் பூட்டுக்குப் பின்னால் யாரும் முனகுவதில்லை.

பூட்டை முழங்காலுக்கும் கதவுக்கும் நடுவில் வைத்து அழுத்திக்கொண்டேன். முதல் பின் நின்றது. இரண்டாவதும் நின்றது. மூன்றாவதைத் தேடும்போது வியர்வையில் விரல் வழுக்கி எல்லாம் கீழே விழுந்தன. திரும்பவும் முதலிலிருந்து. மறுபடி மூன்றாவதில் விழுந்தன.

அம்மா மடித்துக்கொண்டிருந்த துணியோடு வந்து நின்றாள்.

"என்னடி பண்ற? அவன் வந்து பாத்தா தொலைச்சுடுவான்."

"அம்மா, அண்ணிக்கு ஆபரேஷன் பண்ண வேண்டி வரலாம்."

"சூட்டு வலியா இருக்கும். ஆறு மணிக்கு வந்துடுவான், அவனே கூட்டிட்டுப் போவான்."

"ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டுமா?"

"கூப்பிடு. தெருவே வந்து வாசல்ல நிக்கட்டும். உனக்கு எந்த வீட்டுலேர்ந்து மாப்பிள்ளை வர்றான்னு பாக்கறேன்."

சுத்தியலை எடுத்து வந்து கொண்டியில் அடித்தேன். அண்ணன் ஃபிட்டர். கதவுக்கு அப்பால் வரை போகிற போல்ட்டுகள் போட்டு, அவற்றின் தலைகளைக் கொண்டிக்கு அடியில் மறைத்திருந்தான். இரண்டாவது அடியில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கொண்டியில் ஒரு கீறல்கூட இல்லை.

"அண்ணி?"

"ம்."

"வலி எப்படி இருக்கு?"

"திடீர்னு கொறைஞ்ச மாதிரி இருக்கு."

திடீரென்று குறைவது நல்லதற்கு இல்லை; குடல்வால் வெடித்திருக்கலாம். மறுபடியும் கம்பியை எடுத்தேன். மூன்றாவது பின் நின்றது. நான்காவதும் நின்றது. ஐந்தாவது கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. லேசாகத் தூக்க வேண்டும் என்று அந்த ஆள் ஒவ்வொரு வீடியோவிலும் சொல்வான். நான் பலமாகத் தூக்கினேன்.

சின்னதாக ஒரு சத்தம். திறந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கையில் பாதிக் கம்பி இருந்தது. முனை துளைக்குள் ஒடிந்து சிக்கிக்கொண்டது. இடுக்கியின் முனைகூட எட்டாத ஆழம். நகத்தால், ஊசியால், இன்னொரு கம்பியால் எடுக்கப் பார்த்தேன். இன்னும் உள்ளே போனது.

இனி அண்ணனே வந்தாலும் அவன் சாவி நுழையாது.

"விஞ்ஞானி, ஆச்சா?" அண்ணியின் குரல் தரையிலிருந்து வந்தது. படுத்துவிட்டாள் போல.

"இதோ அண்ணி."

அடுத்த முறை கூப்பிட்டபோது அவள் பதில் சொல்லவில்லை.

நான் எழுந்தேன். "எங்கடி போற?" என்று அம்மா பின்னாலேயே வந்தாள். படியில் இறங்கும்போது கால் எதில் பட்டதென்று தெரியவில்லை.

எங்கள் வீட்டுக்குக் கீழே வெல்டிங் பட்டறை. அதை நடத்துகிறவரை நான் மாமா என்பேன். குடிவந்த நாளிலிருந்து அந்த ஒரு சொல்லைத் தவிர அவரிடம் அதிகம் பேசியதில்லை. கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேர் ஒரு கேட்டை வாங்கிப் போக நின்றிருந்தார்கள்.

"அட, யாரு இது? இன்னிக்கு மழைதான்" என்றார் மாமா.

"மாமா, ஒரு பூட்டை அறுக்கணும். மாடில. இப்பவே."

"கையில என்ன, பல்குத்துற குச்சியா?"

உடைந்த கம்பியை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தேன். "பூட்டு திறக்கற கம்பி. உள்ள ஒடைஞ்சுடுச்சு. வீடியோ பாத்துக் கத்துக்கிட்டேன்."

"வீடியோவா! என் மச்சான் வீடியோ பாத்து தனக்குத்தானே முடி வெட்டிக்கிட்டான். மூணு மாசம் தொப்பியைக் கழட்டல." நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். "சாவி என்னாச்சு?"

"எங்கயோ விழுந்துடுச்சு தம்பி," என்றாள் அம்மா என் முதுகுக்குப் பின்னாலிருந்து. "இவ சும்மா பதறுறா. பையன் வந்து பாத்துக்குவான்."

"அப்ப அவன் வரட்டும்கா. அந்தக் கொண்டிக்கு போல்ட்டு எங்கிட்டதான் வாங்கிட்டுப் போனான். சாமான் ரூம், யாரும் தொடக் கூடாதுன்னான். அவனைக் கேக்காம அறுத்தா நாளைக்கு எங்கிட்ட சண்டைக்கு வருவான். தேவையா எனக்கு?"

"மாமா, சாமான் ரூம் இல்ல." என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"என்னம்மா?"

அம்மா என் கையைக் கிள்ளினாள். "வாடி மேல."

மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி என்னைப் பார்த்தார். எட்டிக் கம்ப்ரஸரை அணைத்தார். பட்டறை அமைதியானது. எதிர்க் கடையில் யாரோ சில்லறை எண்ணுவதுகூடக் கேட்டது.

"அப்படி என்னதான்மா இருக்கு உள்ள?"

"எங்க அண்ணி இருக்காங்க," என்றேன். "அவங்க அம்மா வீட்டுக்குப் போகல. அண்ணன்தான் உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போறான். ரெண்டு மாசமா, தினமும்."