கூரையில் கதவு

இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் கை தட்டுகிறார்கள். பிள்ளை மூக்கைச் சிந்தினால் கைதட்டல், செருப்பை இடம் வலம் சரியாக மாட்டினால் கைதட்டல். என் காலத்தில் ஒரு வீடு முழுக்கக் கட்டி முடித்தாலும், வீட்டுக்காரன் வந்து நாலு பக்கமும் முறைத்துப் பார்த்து, "இந்த மூலை கோணலா இருக்கே" என்பான். அதுதான் அவன் கொடுக்கும் மரியாதை. நாம் நிமிர்ந்து நின்று அவனோடு சண்டை போடுவோம். வேலை என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

நான் கொத்தனார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் கட்டிடத்தில் ஏச்சு வாங்கிக் கற்றது. அப், டவுன், டோர், விண்டோ, ரூஃப், ஸ்டாப், அப்புறம் சில்லறையாகக் கொஞ்சம். அதை வைத்துக்கொண்டே, கடல் தாண்டி வந்த இந்த ஊரில் பாதித் தெருவைக் கட்டியிருக்கிறேன். ஆகையால் இங்கிலீஷ் கற்றுக்கொடுக்கத் தனியாக ஒரு அறை, அதற்குத் தனியாக ஒரு டீச்சர் என்று என் மகள் சொன்னபோதே எனக்குச் சந்தேகம்.

சந்தேகத்துக்குக் காரணம் என் பேத்தி. வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். காலையில் கண் விழித்தால் ஆரம்பிப்பாள், சாப்பிடும்போதும் ஓடும், தூக்கத்திலும் கொஞ்சம் கரகரக்கும். அப்பேர்ப்பட்டவள் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததும் ஊமை. மகள் குடும்பம் என்னோடு இந்த ஊருக்கு வந்து சேர்ந்ததிலிருந்து மாதக்கணக்காக ஒரு வார்த்தை இங்கிலீஷ் பேசவில்லை. தப்பாகப் பேசிச் சிரிப்பு வாங்குவதைவிடப் பேசாமல் இருப்பதே கௌரவம் என்று மகாராணிக்கு எண்ணம்.

டீச்சரம்மாவோ கவலையே படவில்லை. "அவ காதுல எல்லாம் ஏறுது. உள்ள சேருது. தானா வரும். வீட்ல நீங்க தமிழ்லயே நல்லாப் பேசுங்க" என்று என் மகளிடம் சொல்லி அனுப்பினாள். எந்தக் கடைக்காரனாவது பக்கத்துக் கடையில் வாங்கச் சொல்வானா? எனக்கு அப்போதே ரத்தம் கொதித்தது.

கொதித்து என்ன செய்ய? வெள்ளிக்கிழமை மேலிடத்திலிருந்து ஒரு பரிசோதகர் வருகிறார், பிள்ளைகள் பேசுவதை நேரில் கேட்கப்போகிறார் என்று செய்தி வந்தது. அவர் காதில் ரேடியோவின் குரல் விழவில்லை என்றால் அவளை ஒரு வகுப்பு கீழே இறக்கிவிடுவார்கள். அந்தக் கீழ் வகுப்பில் இருப்பது யார்? அவள் தம்பி. வாண்டு. வந்த வேகத்தில் தப்பும் தவறுமாக இங்கிலீஷைப் பொரிந்து தள்ளுகிற பயல்.

"அக்கா, என் பக்கத்துல இடம் புடிச்சு வைக்கவா?" என்றான் அவன்.

ரேடியோ தலையணையை எடுத்து வீசினாள். அது என் காபியில் விழுந்தது. பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன்; அவள் சத்தமில்லாமல் அழுது அன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

"அப்பா, அன்னைக்கு வீட்டாளுங்க ஒருத்தர் கூட உக்காரணுமாம். எனக்கு ஆஸ்பத்திரி லாண்டரில ஷிப்ட்டு. அவருக்கு லாரி. நீங்கதான் போகணும்" என்றாள் மகள்.

"நான் போய் என்னத்தப் புடுங்க?"

"சும்மா உக்காந்துட்டு வாங்க. வாயத் தொறக்காதீங்க."

"பேத்திக்குப் பேசணும்னு பாடம். தாத்தாவுக்குப் பேசாதன்னு பாடமா?"

"அய்யோ, ஆரம்பிச்சிட்டாரு" என்று அவள் கரண்டியை வைத்தாள்.

போனேன். அது வகுப்பறையா, சந்தையா என்று தெரியவில்லை. வரிசையாகப் பெஞ்சு கிடையாது. கதவில் 'கதவு' என்று எழுதி ஒட்டியிருந்தது, ஆறேழு மொழிகளில். ஜன்னலில் ஜன்னல், குப்பைத்தொட்டியில் குப்பைத்தொட்டி. கதவைக் கதவு என்று எழுதி வைத்தால்தான் தெரியும் என்கிற அளவுக்கா பிள்ளைகள் இருக்கின்றன? டீச்சரம்மா சின்னப் பெண், நம்ம தமிழ்க்காரிதான். கொண்டையில் பென்சிலைச் செருகியிருந்தாள், அதைத் தேடிக்கொண்டும் இருந்தாள். பரிசோதகர் பனைமர உயரம். அவருக்குக் கிடைத்தது பிள்ளைகள் நாற்காலி. முழங்கால் இரண்டும் மோவாய்க்கு வந்து நிற்க, மடியில் எழுதுகிற அட்டையை வைத்துக்கொண்டு வெட்டுக்கிளி மாதிரி உட்கார்ந்திருந்தார்.

எங்களுக்குப் பக்கத்து மேஜையில் ஒரு பேக்கரிக்காரரும் அவர் மகளும். அவர் மீசையில் இன்னும் மாவு இருந்தது. அவர் மொழி எனக்குத் தெரியாது, என் மொழி அவருக்குத் தெரியாது. ஆனாலும் அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அவர் புருவத்தைத் தூக்கினார், நானும் தூக்கினேன். நல்ல மனிதர்.

டீச்சரம்மா எனக்கும் ரேடியோவுக்கும் நடுவே தடுப்பாக ஒரு அட்டையை நிறுத்தினாள். அவள் பக்கம் ஒரு படத்தை வைத்தாள். என் பக்கம் வெறும் தாளும் பென்சிலும்.

"அய்யா, படம் பிள்ளைக்கு மட்டும்தான் தெரியும். அவ இங்கிலீஷ்ல சொல்லணும், நீங்க கேட்டு அதே மாதிரி வரையணும். நீங்க என்ன மொழியில வேணா கேள்வி கேக்கலாம்."

"அந்தப் படத்த என்கிட்ட காட்டிட்டா வேல முடிஞ்சுரும்லம்மா?"

"அதனாலதான் காட்டக் கூடாது."

"இருக்கறத மறைச்சு வச்சுட்டுத் தேடச் சொல்றீங்க. இதுக்குச் சம்பளம் வேற."

"தாத்தா!" என்று ரேடியோ அட்டைக்குப் பின்னாலிருந்து சீறினாள்.

ஆரம்பம் என்று மணி அடித்தார்கள். பேக்கரிக்காரர் மகள் கீச்சுக் கீச்சென்று பேச ஆரம்பித்தாள். எங்கள் மேஜையில் சத்தமே இல்லை. ரேடியோ காற்றில் விரலால் ஒரு சதுரம் போட்டுக் காட்டினாள், அதன் மேல் ஒரு முக்கோணம். டீச்சரம்மா பார்த்துவிட்டு, கை மேலேயே உட்கார் என்று ஜாடை காட்டினாள். ரேடியோ கை இரண்டையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள். பரிசோதகரின் பேனா அட்டை மேல் அப்படியே நின்றது. அவள் காது மடல் சிவந்துவிட்டது. உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. சதுரம், முக்கோணம் என்றால் வீடுதானே? வீடு எனக்குத் தெரியாதா? பென்சிலை எடுத்தேன். அஸ்திவாரம், சுவர், நடுவில் நிலையோடு ஒரு கதவு, இரண்டு பக்கமும் ஜன்னல், மேலே சாய்ந்த கூரை. அங்கேயே ஆள் குடிவரலாம், அப்படி ஒரு வீடு.

"முடிஞ்சுது" என்றேன்.

ரேடியோ அட்டைக்கு மேலே எட்டிப் பார்த்தாள். முகம் விழுந்துவிட்டது.

"தப்பு" என்று தமிழில் கிசுகிசுத்தாள்.

"எது தப்பு? மட்டம் வச்சுப் பாரு. ஒரு நூல் பிசகாது."

அவள் என் தாளையும் தன் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, எலிக்குட்டி சத்தத்தில், "டோர்..." என்றாள்.

"கதவு இருக்கே."

"டோர்... அப்."

"மேல தூக்கணுமா? வாசப்படி ஒசரம் போதாதா?" ஒரு படி சேர்த்தேன்.

"நோ. அப். அப்!"

"இன்னொரு படியா? கெழவி எவளாவது வந்தா முட்டி போயிரும்."

"நோ! டோர்... ஆன்... ரூஃப்!"

பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். "கூரையில கதவா? எவன் போட்ட பிளான் இது?"

ரேடியோ எழுந்து நின்றாள். "டீச்சர் பிளான்! நாட் யுவர் பிளான்!"

பக்கத்து மேஜையில் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. தொழில் என்று வந்துவிட்டால் நான் சொந்தபந்தம் பார்க்கிறவன் இல்லை.

"கூரையில கதவு வச்சா மழத்தண்ணி எங்க எறங்கும்? நடு வீட்லதான் எறங்கும். வைக்க மாட்டேன்."

"யூ புட்! யூ புட் டோர் ஆன் த ரூஃப்! நௌ!"

"மாட்டேன்."

"யூ நாட் லிசன்! யூ நெவர் லிசன்! அம்மா ஆல்சோ சே!"

அடேங்கப்பா, வீட்டு விஷயத்தையும் இங்கிலீஷில் ஏற்றிவிட்டாள். பேக்கரிக்காரர் மீசையைப் பொத்திக்கொண்டு குலுங்கினார், மாவு உதிர்ந்தது. சரி, சபையில் சண்டை வேண்டாம் என்று கூரையில் சின்னதாக ஒரு கதவு போட்டேன்.

"பிக்!" என்றாள். பெரிதாக்கினேன்.

"ஃபிஷ்! ஃபிஷ் இன் த ட்ரீ!"

"மரத்துல மீனா?" அதுவும் போட்டேன். கருவாடு மாதிரி தொங்கியது.

"கௌ இன் த விண்டோ!"

"மாட்டுக்கு ஜன்னல்ல என்னடி வேல?"

"ஷி லுக்! ஷி லைக் த ஃபிஷ்!"

யாரோ சிரித்தார்கள். அவள் அதைக் கேட்கவே இல்லை. நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டு, அட்டைக்கு மேலிருந்து மேஸ்திரி மாதிரி என்னை விரட்டினாள். மாடு சின்னது, மீனுக்கு வால் இல்லை, சூரியனைக் கீழே கொண்டுபோ. நான் அழித்தேன், வரைந்தேன், வியர்த்தேன். மற்ற பிள்ளைகள் தங்கள் படங்களை விட்டுவிட்டு எங்கள் மேஜையைச் சுற்றிக்கொண்டன. ஒரு பிள்ளை என் தோளில் தொங்கிக்கொண்டு, "ஃபிஷ்! ஃபிஷ்!" என்று காதில் கத்தியது. பேக்கரிக்காரர் தன் தாளைத் தூக்கிக் காட்டினார். அவர் வீட்டுக்கும் கூரையில்தான் கதவு, ஆனால் அதிலிருந்து ஒரு மாடு எட்டிப் பார்த்தது. எனக்கு வயிற்றுக்குள் ஏதோ கிச்சுக்கிச்சு மூட்டியது. அடக்கிக்கொண்டேன்.

ஆனாலும் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. கேட்காமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

"சரி, கூரையில கதவு. வெளிய வர்ற ஆளு எப்படிக் கீழ எறங்குவான்? ஏணி போடுறேன்."

"நோ லேடர்!"

"ஏணி இல்லாம?"

"ஹி ஜம்ப்!"

"விழுந்து செத்துருவான்டி!"

"நோ! ஹி ஜம்ப் இன் த ரிவர்! அண்ட் த கௌ... த கௌ ஜம்ப் ஆல்சோ! அண்ட் தே ஸ்விம் டு மை ஓல்ட் ஹௌஸ்!"

டீச்சரம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் படத்தில் ஆறே கிடையாதாம். பழைய வீடும் கிடையாதாம். சொந்தமாக அடித்துவிட்டிருக்கிறாள். எங்கள் வீட்டு ரேடியோதான், அலைவரிசை மட்டும் வேறு.

மாடு குதித்த இடத்தில் பரிசோதகருக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. அந்த உயரத்தையும் அந்தச் சிரிப்பையும் அந்த நாற்காலி தாங்குமா? பின்னால் சாய்ந்தார், கால் இரண்டும் மேலே போயின, மனிதர் அட்டையோடு மல்லாந்துவிட்டார். அறை முழுக்க ஒரே கூச்சல். நான் என்ன செய்ய, அடக்கி வைத்ததெல்லாம் உடைந்துகொண்டு வந்தது. பேக்கரிக்காரர் என் முதுகில் அறைய, நான் அவர் முதுகில் அறைய, இருவரும் அழுகிற அளவுக்குச் சிரித்தோம்.

முதலில் ஓடியது ரேடியோதான். நாற்காலியிலிருந்து குதித்து அவர் பக்கத்தில் போய்க் குனிந்து நின்றாள்.

"சார்! ஆர் யூ ஓகே? யுவர் ஹெட் ஓகே?"

பரிசோதகர் படுத்தபடியே அவளைப் பார்த்தார். ஓகே என்றார். உன் பெயர் என்ன என்று கேட்டார். அவள் சொன்னாள். உன்னோடு உட்கார்ந்திருந்தது யார் என்று கேட்டார். "மை தாத்தா. ஹி இஸ் வெரி டிஃபிகல்ட்" என்றாள். அதன் அர்த்தத்தை டீச்சரம்மா எனக்குச் சொல்ல மறுத்துவிட்டாள்.

அவர் எழுந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, இந்தப் பிள்ளை எங்கேயும் இறங்க வேண்டாம், இருக்கிற வகுப்பிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். டீச்சரம்மா அதை எனக்குத் தமிழில் சொன்னாள். சொல்லும்போது அவள் கண் கலங்கியிருந்தது. சின்ன விஷயத்துக்கெல்லாம் கலங்குகிற கூட்டம். எனக்கும் தூசி விழுந்தது, அது வேறு.

"அய்யா, நீங்க வம்பு பண்ணலைன்னா அவ இன்னைக்கும் பேசியிருக்க மாட்டா. உங்களுக்குப் புரிய வச்சே தீரணும்னு வந்துச்சு பாருங்க, அதான் வேணும்" என்றாள்.

"பேசினாளா? கத்தினா. கோவத்துல நாயும் குலைக்கும், அதுக்குப் பேர் பாடமா?"

"பாடம்தான் அய்யா."

"புத்தகம் எங்க? கரும்பலகை எங்க? நாளைக்கு இவ மறுபடி வாய மூடிக்கிட்டா?"

"மூடட்டும். மறுபடி தொறப்பா. அடுத்த மாசமும் நீங்களே வாங்களேன்."

"எதுக்கு? மாடு வரையவா? ஆள விடுங்க."

ரேடியோ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பேக்கரிக்காரர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, நான் எப்படியெல்லாம் அழிச்சாட்டியம் பண்ணினேன் என்று இங்கிலீஷில் வர்ணித்துக்கொண்டிருந்தாள். தெரியாத இடத்தில் தமிழைப் போட்டு நிரப்பினாள், அந்தப் பெண்ணும் அர்த்தம் புரிந்த மாதிரி விழுந்து விழுந்து சிரித்தது. இது என்ன பாஷை? இதற்கு யார் பொறுப்பு? ஒரு செங்கல் இங்கே, ஒரு செங்கல் அங்கே, நடுவில் சாந்தே இல்லை. இப்படி ஒரு சுவரை நான் எழுப்பியிருந்தால் அன்றைக்கே சீட்டைக் கிழித்திருப்பார்கள்.

டீச்சரம்மாவிடம் அதைச் சொல்லலாம் என்று பார்த்தேன். அவள் மறுபடி கொண்டையில் பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தாள். பென்சில் அவள் கையில் இருந்தது. இவளிடம் போய் என்ன சொல்வது? சட்டையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டு, தாழ்வாரத்தில் இறங்கி நடந்தேன். ரேடியோவின் சத்தம் வாசல் வரைக்கும் பின்னாலேயே வந்தது.