கழுத்திலிருந்து கீழே

1

ஒரு சட்டைக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியாமல்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். மறைக்க ஒன்றுமில்லை. வெள்ளைப் பருத்தி நூலில், குரோஷா ஊசியால், கழுத்தில் தொடங்கிக் கீழே கீழே இறங்கிப் பின்னிய கோடைக்கால மேல்சட்டை அது. கையில் எடுத்தால் கைக்குட்டை அளவுக்குத்தான் கனம். பின்னியவர் என் சம்பந்தியம்மா, அதாவது என் மகளுடைய மாமியார். "ரொம்ப நன்றிங்க" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்திருக்கலாம். சொல்லியிருந்தால் இந்தக் கதைக்கு அவசியம் இருந்திருக்காது.

முதல் வரியாக எழுதிப் பார்த்தவை:

"வெயில் ஜன்னலைத் தட்டியபோது அவள் நூலை எடுத்தாள்." (வெயில் எதையும் தட்டாது. அடித்துவிட்டேன்.)

"எல்லாப் பின்னலும் ஒரு வெறுமையைச் சுற்றித்தான்" (இதற்குமேல் என்ன எழுதினாலும் பொய்யாகத்தான் இருக்கும். பாதியில் விட்டேன்.)

"சம்பந்தியம்மா வந்து தங்கப் போகிறார் என்றதும் வேண்டாமே என்றுதான் நினைத்தேன்."

இது உண்மை. இதிலிருந்தே போகலாம்.

2

எனக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. தைராய்டு சுரப்பியில் ஒரு கட்டி. கழுத்தின் அடியில் குறுக்காகக் கீறி எடுத்தார்கள். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். அது நல்ல கட்டியா கெட்ட கட்டியா என்பது தெரிய இரண்டு வாரமாகும். குரல் நரம்பு களைத்துப் போயிருப்பதால் அதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசக்கூடாது என்றார் மருத்துவர்.

மகளுக்குப் புது வேலை, விடுப்பு கிடைக்கவில்லை. தொலைபேசியில் அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அத்தை வராங்கம்மா. அவங்களேதான் கேட்டாங்க. நான் சொல்லல" என்றாள்.

சம்பந்தி உறவு எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நல்ல கோப்பைகளை எடுப்போம். பிள்ளைகளைப் பற்றி மட்டும் பேசுவோம். அரை மணி நேரம் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துவிட்டு, "அப்ப கிளம்பறோம்" என்போம். தலைக்குக் குளிக்காமல், நைந்த பாவாடையோடு, கழுத்தில் கட்டுப் போட்டுப் படுத்திருக்கும்போது சம்பந்தியை எப்படி வரவேற்பது என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. என் வீட்டுக்காரர் குடிநீர் வாரியத்தில் பம்பு ஓட்டுபவர். பெரிய மோட்டார் சத்தத்துக்கே அசராத மனிதர், அன்று காலை கொடியில் காய்ந்த தன் பனியன்களை எல்லாம் அவசரமாக உருவி அலமாரியில் ஒளித்து வைத்தார்.

சம்பந்தியம்மா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் ஆசிரியர்.* முதலாளியிடம் கேட்டு, கூரைமேல் சிவப்பு எழுத்துப் பலகை வைத்த பயிற்சிக் காரிலேயே வந்து இறங்கினார். பக்கத்து சீட்டில் இருப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்குமே, அந்தக் கார்.

(* முதல் வடிவில் அவரைச் செவிலியராக்கியிருந்தேன். அப்போதுதான் படிப்பவர்கள் நம்புவார்கள் என்று நினைத்தேன். நம்பும்படிதான் இருந்தது. அவராக இல்லை.)

3

கட்டியைக் கண்டுபிடித்ததே அவர்தான். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டுமோ? கதையின் நடுவில் வைத்து உங்களை அசர வைக்கலாம் என்று ஒரு கணம் ஆசைப்பட்டேன். வேண்டாம்.

சில மாதங்களுக்கு முன், மகள் வீட்டிலிருந்து வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது அவர் திரைக்குள் முகத்தை நீட்டினார்.

"சம்பந்தி, கொஞ்சம் தண்ணி குடிங்க."

"தாகமா இல்லையே."

"சும்மா ஒரு வாய் குடிங்க. தலைய அண்ணாந்து குடிங்க."

குடித்தேன். சம்பந்தி சொன்னால் மறுக்க முடியுமா.

"முழுங்கறப்ப கழுத்துல ஒண்ணு ஏறி இறங்குது. இந்தப் பக்கம். டாக்டர்கிட்ட காட்டிருங்க."

நாள் முழுக்கப் பக்கத்து சீட்டில் இருந்து கற்றுக்கொள்பவர்களின் கழுத்தைப் பார்ப்பதுதான் அவர் வேலை: திரும்பிப் பார்க்கிறார்களா, கண்ணாடியைப் பார்ப்பதுபோல் பாவனை பண்ணுகிறார்களா என்று. இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், இந்த அம்மா ஒன்றுமில்லாததைக் கிளப்புகிறார் என்பதுதான். ஒன்றுமில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு வரத்தான் மருத்துவரிடம் போனேன். அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்கிக்கொண்டு வந்தேன்.

4

அவர் வந்தபோது நான் வீட்டுக்காரரின் சட்டையைப் போட்டிருந்தேன். காலர் கழுத்துத் தையலில் படாமல் இருக்க, அதைத் துணி கிளிப்புகளால் பின்னால் இழுத்துப் பிடித்திருந்தேன். நல்ல வெயில் காலம். வேர்வையில் எந்தத் துணி கழுத்தில் உரசினாலும் உடம்பு தூக்கிப்போட்டது.

அவர் நலம் விசாரிக்கவில்லை. கிளிப்புகளைப் பார்த்தார்.

"கிளிப்ப போட்டுக்கிட்டு எத்தன நாள் இருப்பீங்க? நான் ஒண்ணு பின்னித் தரேன்."

பையிலிருந்து வெள்ளை நூல்கண்டும் ஊசியும் வந்தன.

"பேச வேணாம். மேஜைல ஒரு தட்டு தட்டினா ஆமா, ரெண்டு தட்டினா இல்ல. சரியா?"

ஒரு தட்டு.

"சில பேர் கீழருந்து மேல பின்னுவாங்க. எல்லாம் முடிஞ்சு கடைசில கழுத்து சரியா வரலன்னா அழணும். மேலருந்து வந்தா அப்பப்போ போட்டுப் பாத்துக்கலாம். உங்களுக்கு இப்ப கழுத்துதானே முக்கியம்?"

ஒரு தட்டு.

முதலில் வெறும் சங்கிலி. ஒன்றுக்குள் ஒன்றாகக் கண்ணிகள் கோத்து, ஒரு நீள மாலை போல. அதை என் தோள்மேல் வளையமாக வைத்தார். "இங்க?" இரண்டு தட்டு. தோள் ஓரத்துக்குத் தள்ளினார். "இங்க?" இரண்டு தட்டு. கீழே, கழுத்தெலும்புக்கும் கீழே. தையலுக்கும் நூலுக்கும் நடுவில் நான்கு விரல் இடம். ஒரு தட்டு.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு என் கழுத்தின் அருகில் ஏதோ ஒன்று வந்து எனக்கு உடம்பு கூசாதது அப்போதுதான். (இந்த இடத்தில் ஓர் உவமை வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். நான்கு விரல் இடம் போதும்.)

5

இதற்குப் பின் சட்டை எப்படி வளர்ந்தது என்று சொல்கிறேன். பின்னல் தெரிந்தவர்கள் என் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளவும்.

அந்த வளையத்தைச் சுற்றிச் சுற்றிப் பின்னினார். கண்ணி, இடைவெளி, கண்ணி, இடைவெளி. அந்த இடைவெளிகள்தான் காற்றுக்கு. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு மூலைகளில் மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் சில கண்ணிகள் கூடின. அதனால் வட்டம் விரிந்து தோளில் பணிவாக உட்கார்ந்தது. அக்குள் வரை வந்ததும், கைகளுக்கான கண்ணிகளை அப்படியே விட்டுவிட்டு, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் அக்குளுக்கு அடியில் சின்னச் சங்கிலியால் சேர்த்தார். திடீரென்று அது வெறும் வளையமாக இல்லை. கை நுழைக்கும் சட்டையாக இருந்தது.

அவருக்கு இது எப்படிப் பழக்கம் என்பதற்கு நானே ஒரு காரணம் எழுதி வைத்தேன். அவர் கணவர் இறந்து பல வருடம். ஆகவே: "தனிமையின் நீண்ட மாலைகளை அவர் கண்ணி கண்ணியாக" என்று தொடங்கி ஒரு பத்தி. நன்றாக வந்திருந்தது. கைபேசியில் தட்டச்சு செய்து அவரிடமே காட்டினேன், சரிதானா என்று.

வீட்டுக்காரரின் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு படித்தார்.

"இல்லீங்க. நகம் கடிப்பேன்."

புருவத்தை உயர்த்தினேன்.

"புதுசா ஓட்டறவங்க பக்கத்துல உக்காந்து பாருங்க, தெரியும். பத்து விரல்லயும் நகமே இருக்காது, ரத்தம் வரும். என் பையன்தான் ஊசிய வாங்கிக் குடுத்து, கைய சும்மா வைக்காதம்மான்னான். லைசென்ஸ் ஆபீஸ்ல காத்திருக்கறப்ப பின்னிப் பின்னி வந்துருச்சு."

கண்ணாடியைக் கழற்றினார்.

"அவர் போனதுக்கு நான் அழுதேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

பத்தியை அழித்தேன். என்னுடைய மருமகனைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தையும் எழுதவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. அம்மாவின் கைக்கு ஊசி வாங்கிக் கொடுத்த பிள்ளை. என் மகள் நல்ல இடத்தில்தான் இருக்கிறாள்.

6

இடுப்பை நெருங்கும்போது வினை வந்தது.

ஒவ்வொரு முறையும் போட்டுப் பார்க்கும்போது சரியாக இருந்த கழுத்து, கீழே கனம் சேரச் சேர, இழுபட்டு விரிந்துவிட்டது. ஒரு பக்கத் தோளில் நழுவியது. நழுவியதை ஏற்றிவிட்டால் எதிர்ப்பக்கம் தையலில் போய் உரசியது.

"சரியா இருக்கா?" என்றார்.

எத்தனை நாள் உழைப்பு. விரல் சிவந்திருந்ததைப் பார்த்திருந்தேன். ஒரு தட்டுத் தட்டினேன்.

என் முகத்தையே பார்த்தார்.

"பொய் சொல்றீங்க."

நான் மேஜையைப் பார்த்தேன்.

"சம்பந்திங்கறதுக்காகத் தட்டாதீங்க. கழுத்துக்காகத் தட்டுங்க. உரசுதா?"

ஒரு தட்டு.

கழற்றி வாங்கினார். கடைசிக் கண்ணியிலிருந்து ஊசியை எடுத்தார். நூலைப் பிடித்து இழுத்தார். இடுப்பு போனது, அக்குள் போனது, தோள் போனது. பெருமூச்சுகூட விடவில்லை. நான் ஒரு வரியை அடிப்பதற்கு இரண்டு நாள் துக்கம் காப்பவள். அடைப்புக்குறிக்குள் அதற்குச் சமாதி கட்டி உங்களுக்கும் காட்டுபவள். இவர் முழுச் சட்டையையும் உருவி, உருண்டையாகச் சுற்றி, "டீ போடட்டுமா?" என்றார்.

வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "நான் போடறேங்க, நீங்க உக்காருங்க" என்று உள்ளே போனார். அவர் டீ போட்டு நான் பார்த்ததில்லை. சுமாராகத்தான் இருந்தது. மூவரும் குடித்தோம். நல்ல கோப்பைகள் அலமாரியிலேயே இருந்தன.

மறுபடி தொடங்கியபோது முதல் சில சுற்றுகளுக்கு இன்னும் மெல்லிய ஊசி எடுத்தார். கண்ணிகள் இறுகிக் கழுத்து விரியாமல் நிற்குமாம். மருத்துவமனைக்குப் போகும் நாளுக்குள் முடித்துவிட வேண்டும் என்று அவரே தனக்குக் கெடு வைத்துக்கொண்டார். "முடிவக் கேக்கப் போறப்ப கிளிப்போட போகக்கூடாது" என்றார்.

7

அதுவரை எழுதி வைத்திருந்த குறிப்புகளை அவரிடம் கொடுத்தேன். மெதுவாகப் படித்தார்.

"ரொம்ப நல்லவளா எழுதிட்டீங்க."

இரண்டு தட்டு.

"ஆமாங்க. நான் குறட்டை விடறத எழுதல. உங்க சமையக்கட்டுல எல்லா டப்பாவையும் எடம் மாத்தினேன், உங்களுக்குக் கோவம் வந்துச்சு, அத எழுதல."

எழுதிவிட்டேன், சம்பந்தி. உப்பு இன்னும் கிடைக்கவில்லை.

8

பயிற்சிக் காரில் போனோம். ஓட்டியது என் வீட்டுக்காரர், பக்கத்தில் சம்பந்தியம்மா, பின்னால் நான், புதுச் சட்டையில். சம்பந்தியம்மா தன் பக்கத்துப் பிரேக்கை இரண்டு முறை மிதித்தார். வீட்டுக்காரருக்குக் காதெல்லாம் சிவந்தது. ஜன்னல் திறந்திருந்தது. சட்டைக்குள் காற்று புகுந்து, உடம்பெல்லாம் சுற்றி வெளியேறியது. பயந்துகொண்டே போகும் ஒருத்திக்கு அவ்வளவு சுகமாக இருக்கலாமா என்று தோன்றியது. இருந்தது.

உள்ளே நானும் வீட்டுக்காரரும் மட்டும் போனோம்.

மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை. "கட்டியில கெட்ட செல் இருந்துச்சு. ஆனா சுரப்பியத் தாண்டி வெளிய வரல. முழுசா எடுத்தாச்சு. மாத்திரை சாப்பிடணும், நான் சொல்றப்ப வந்து காட்டணும். அவ்வளவுதான். இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தா நான் இப்படிப் பேசிட்டு இருக்க மாட்டேன்." பிறகு கேட்டார்: "யார் கவனிச்சது இத?"

வீட்டுக்காரர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே கையைக் காட்டினார்.

சம்பந்தியம்மா நடைபாதை நாற்காலியில் இருந்தார். சட்டை முடிந்துவிட்டது, கையில் பின்ன ஒன்றுமில்லை. தலைகுனிந்து, வலது கைக் கட்டைவிரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

(இங்கே ஒரு பத்தி வர வேண்டும். மூன்று முறை எழுதினேன். மூன்றும் அவரைவிடச் சத்தமாக இருந்தன.)

"இப்ப பேசிப் பாக்கலாம்" என்றார் மருத்துவர். பேசினேன். பழைய லாரி கியர் மாற்றுவதுபோல ஒரு சத்தம் வந்தது. போகப் போகச் சரியாகிவிடும் என்றார்.

9

மறுநாள் காலை கிளம்பினார். அவரிடம் கற்றுக்கொள்பவர்கள் காத்திருந்தார்கள். பையைப் பின்சீட்டில் வைத்து, கண்ணாடிகளைச் சரிசெய்து, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு இன்ஜினை முடுக்கினார். நான் அந்தச் சட்டையோடு காரின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்காரர் தெருவில் வண்டி வருகிறதா என்று பார்க்கப் போய்விட்டார், அல்லது அப்படி ஒரு சாக்கு.

இரண்டு வாரம் பேசாமல் சேர்த்து வைத்த வார்த்தைகள் எல்லாம் இருந்தன. எதைச் சொல்வது?

இப்படி ஒரு முடிவு எழுதினேன்: "நன்றி" என்றேன். ஒரே சொல், கரகரத்த குரலில். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மகளின் மாமியாருக்கு நன்றி சொல்லும்போது பந்தியில் பரிமாறியவரிடம் சொல்வதுபோல் ஆகிவிடுகிறது.

இன்னொன்று: "பாத்து ஓட்டுங்க" என்றேன். பல வருடம் ஊருக்கே ஓட்டச் சொல்லிக்கொடுத்தவரிடம். உங்களுக்குச் சிரிப்பு வந்தால் எனக்குச் சம்மதம்.

மூன்றாவது: உறவுமுறையை விட்டுவிட்டு, வேறொரு முறையில் கூப்பிட்டேன். என்ன முறை என்பதை எழுதமாட்டேன். அவர் என்னைவிடச் சில மாதமே மூத்தவர் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

நான்காவது: ஜன்னல் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினேன்.

இவற்றில் ஒன்று நடந்தது. எது என்பதை உங்களிடம் விடுகிறேன். உங்களுக்கும் இப்படி ஒருவர் இருந்திருப்பார். அவரிடம் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்களோ அதையே நான் சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள். கதைக்கு ஒரு குறையும் வராது. ஏனென்றால் நான் எதைச் சொல்லியிருந்தாலும் அவர் சொன்ன பதில் இதுதான்:

"சரி சரி. கைய எடுத்துட்டுக் கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நான் ரிவர்ஸ் எடுக்கணும்."

தள்ளி நின்றேன்.